கார்த்திகை விளக்கீடு

ஆண்டினை அறுவகைப் பெரும்பொழுதாகப் பகுத்த பண்டைத் தமிழர் ஆவணியும் புரட்டாசியும் கார் எனவும், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் எனவும் வகுத்தனர். கூதிர் என்னும் சொல் குளிர்காற்றையும் உணர்த்தும். வேனிலில் வெந்த நிலம் காரில் நனைந்து கூதிரிற் குளிர்கின்றது. வெப்பத்துக்கு ஆற்றாது திண்ணையிலும் முன்றிலிலும் துயின்ற மக்கள், வாடை வீசத் தொடங்கியதும் கதவடைத்து அகத்தே ஒருங்கு கூடுகின்றனர். அங்ஙனம் அடைத்த வீட்டின் வாயிற்புறத்தே, மழைக்கும் காற்றுக்கும் எதிராக, சிறிய அகல்களை வரிசைப்பட ஏற்றி வைப்பதே விளக்கீடு. இதன் வரலாறு நம்மவர் பலரும் கருதுவதினும் நெடியது.

விளக்கீட்டின் வரலாறு கூறப் புகுவார் பெரும்பாலும் அயனும் மாலும் அடிமுடி தேடிய புராணத்தினின்று தொடங்கித் திருவண்ணாமலைத் தீபத்தோடு முடிப்பர். வழிபடுவார்க்கு அதுவே போதும். ஆயினும், நூல்களைக் கால முறையில் வைத்து நோக்குவார்க்கு அவ்விளக்கு முதற்கண் மலையிலே தோன்றவில்லை, மனையிலே தோன்றுகின்றது.

நக்கீரனார் பாடிய நெடுநல்வாடை கூதிர்ப் பொழுதின் முழு ஓவியமாகும். ஆயர் நெருப்பிலே கை காய்ச்சுகின்றனர். கோடையில் உதவிய சந்தனக் கல் பயனின்றிக் கிடக்கின்றது. குறுகிய வாயையுடைய கலத்துத் தண்ணீரை உண்பார் இல்லை. அகன்ற வாயையுடைய தடவிலே செந்நெருப்பினை இட்டு அதனைச் சூழ்கின்றனர். குளிரால் நிலைகுலைந்த யாழ் நரம்பினை ஆடன் மகளிர் தம் மார்பின் வெம்மையிலே தடவிப் பண்ணுக்கு இசையக் கூட்டுகின்றனர். பகல் எது, மாலை எது என்று அறியவொண்ணாதபடி வானம் மூடிக் கிடத்தலால், மகளிர் தட்டில் இட்டு வைத்த பிச்சியரும்பு மலர்ந்து மணப்பது கொண்டே மாலை வந்ததென அறிகின்றனர். அறிந்தவுடன் இரும்பு விளக்கிலே நெய் தோய்ந்த திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைகூப்பித் தொழுகின்றனர். ஈண்டுக் கோயில் இல்லை, குருக்கள் இல்லை. மனைவிளக்கே வழிபடுபொருளாகவும் மனையுறை மகளிரே வழிபடுவாராகவும் நிற்றல் காண்க.

இஃது அந்நாளைய அன்றாட வழக்கம். திருநாளாகிய விளக்கீட்டைக் காட்டுவது நக்கீரர் பெயரால் அமைந்த அகநானூற்று 141 ஆம் பாட்டு. கரிகாலனது இடையாறு போன்ற பெருஞ்செல்வத்தை விரும்பித் தலைவன் பிரிந்து சென்றுள்ளான். இரவுதோறும் இனிய கனவு வருகின்றதெனவும், வீட்டிற் காணும் புள் நிமித்தமும் நன்றாகவே உள்ளதெனவும் தலைவி தோழியிடம் கூறுகின்றாள். வானம் மழை நீங்கித் தெளிய, மதி நிறைந்து அறுமீனாகிய கார்த்திகையைக் கூடும் நள்ளிரவில், தெருவெல்லாம் விளக்கிட்டு மாலை தொங்கவிட்டு, பழம்பெருமை வாய்ந்த ஊரிலே பலரும் திரண்டு அயரும் அவ்விழாவினை எம்மோடு கூடிக் கொண்டாட அவன் வருவானாக என்பதே அவள் விழைவு. அப்பாட்டிலேயே புதுமணப் பெண்ணின் மனையிற் பல கிளை அடுப்பிலே பால் உலை ஏறுகின்றது; பெருவயலின் வளைந்த நெற்கதிரை முறித்து வந்து மகளிர் பச்சை அவல் இடிக்கின்றனர்; உலக்கையின் ஓசைக்குச் சூல் கொண்ட வெள்ளைக் குருகு அஞ்சிப் பறக்கின்றது. இற்றை நாளிலும் கார்த்திகைக்கு அவற்பொரியும் நெற்பொரியும் வெல்லப்பாகிற் சேர்த்துப் படைக்கும் வீட்டார்க்கு இவ்வுலக்கையொலி புதிதன்று.

மதி நிறைதலும் கார்த்திகை மீனைச் சேர்தலும் என இரண்டினையும் புலவர் குறித்தது பொருளுடையது. விண்மீனைப் பற்றிய நாட்கணக்குப் பருவத்தோடு ஒரே நிலையில் நில்லாது. அயன சலனத்தால் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் விழுக்காடு பின்தள்ளிப் போகும். அப்பாட்டின் வயது ஈராயிரம் ஆண்டெனக் கொள்ளின், அந்நாளைய விளக்கீடு பருவ நிலையில் இன்றைக்கு ஏறக்குறைய நான்கு கிழமை முன்னதாகவே நிகழ்ந்திருத்தல் வேண்டும். அஃதாவது, இன்று ஐப்பசியில் நாம் உணரும் முதற்குளிர் அந்நாளைய விளக்கீட்டின் குளிராகும். மழை நீங்கிய வானம் என்றதனைப் பருவமழை முழுதும் ஒழிந்ததாகக் கொள்ளுதல் வேண்டா. பெய்து விட்ட ஓரிரவின் தெளிவே ஆண்டுக் கூறப்பட்டது எனல் பொருந்தும்.

விளக்கீடு அந்நாளில் எத்துணைப் பரவலாக இருந்ததென்பதை உவமைகள் காட்டும். எல்லாரும் அறியாத ஒன்றனைப் புலவர் உவமையாக எடுத்தாளார். பாலை பாடிய பெருங்கடுங்கோ காட்டிற் பூத்த கோங்கினைக் கார்த்திகைத் திங்களின் விளக்கு வரிசைக்கு ஒப்பிட்டார் (நற்றிணை 202). அத்திங்களை அவர் அறம் செய்தற்குரியதாகவும் குறித்தார். கார் நாற்பது செங்காந்தட் பூவைக் கார்த்திகையின் முதல்நாள் விளக்கிற்கு ஒப்பிடும். முதல்நாள் என்றமையால் அவ்விழா ஒருநாளோடு அமையாதது என்பது பெறப்படும். அண்ணாமலையார் தீபத்தன்று ஒருமுறையும், அதனையடுத்த நாட்களில் நாட்டுக் கார்த்திகை, குப்பைக் கார்த்திகை எனவும் சிற்றூரார் விளக்கிடும் வழக்கத்திற்கு இதுவே பழஞ்சான்று போலும். சிந்தாமணியார் குன்றின்மேல் இட்ட கார்த்திகை விளக்கினைக் கூறுகின்றார். இவையெல்லாம் இனிய உவமைகள். களவழி நாற்பது கூறுவது அத்தகையதன்று. கழுமலப் போரிலே வெட்டுண்டு வீழும் வீரரின் ஒளிமிக்க குருதியைப் பொய்கையார் கார்த்திகை விழாவின் மிகுதியான விளக்கிற்கு ஒப்பிட்டார். அப்போரில் வென்ற சோழன் செங்கணானையே சைவவுலகம் கோச்செங்கட் சோழ நாயனாராக வணங்குகின்றது. அத்தகைய போர்க்களத்து நின்ற புலவர்க்கும் நினைவில் எழுந்தது வீட்டு வாயில் விளக்கே என்பது எண்ணத்தக்கது.

இனி, திருமுறைக்கு வருவாம். ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தப் பெருமான் திருமயிலையில் அருளிய பூம்பாவைத் திருப்பதிகம் இரண்டாம் திருமுறையில் உள்ளது. மயிலை வணிகர் சிவநேசர் தம் ஒரு மகளைப் பிள்ளையார்க்கே உரியவள் எனக் கருதி வளர்த்தனர். அவள் மலர் கொய்யச் சென்றவிடத்து அரவு தீண்டி இறந்தாள். சிவநேசர் அவளது சாம்பரையும் என்பையும் குடத்திலிட்டுக் கன்னிமாடத்தே வைத்துப் போற்றினர். பிள்ளையார் மயிலைக்கு எழுந்தருளி அக்குடத்தை வருவித்துப் பதிகம் பாடியதைச் சேக்கிழார் பெருமான் விரித்துரைப்பர்.

அப்பதிகத்தில் இறந்த பெண்ணை நோக்கிப் பிள்ளையார் கூறுவது யாது? விண்ணுலக இன்பத்தைக் கூறவில்லை. யாக்கையின் நிலையாமையையும் எடுத்தோதவில்லை. அடியார்க்கு அமுது அட்டு இடுதலைக் காணாது போதியோ, ஐப்பசி ஓண விழாவைக் காணாது போதியோ என வினவி, அடுத்தபடியாகப் பெண்கள் கொண்டாடும் கார்த்திகை விளக்கீட்டைக் காணாது போதியோ என்கின்றார். ஏழாம் நூற்றாண்டினராகிய அவரே அத்திருநாளைப் பழைமையுடையதென அடைகொடுத்துக் கூறினார். அவள் வளர்ந்த தெரு, அவளோடு விளக்கேற்றிய பெண்கள், ஆண்டுதோறும் வரும் நாட்கள் ஆகிய இவற்றையே காட்டி உயிரை அழைத்தார், அவள் எழுந்தாள். உலகம் வெறுந்தோற்றம் என்பார்க்கு இவ்வழைப்பு விளங்காது. தனு, கரணம், புவனம், போகம் என்பன உயிர் மலத்தினின்று நீங்கும்பொருட்டு இறைவன் கொடுத்த உள்பொருள்களே என்னும் சித்தாந்தத்தார்க்கு, மண்ணிற் பிறந்தார் பெறும் பயனுள் விழாக் காண்டலும் ஒன்றென்பது எளிதில் உடன்பாடாகும்.

இன்னொன்றும் நோக்குக. சைவத் திருமுறையில் விளக்கீட்டைப் பெயர் சுட்டிக் கூறும் இப்பாட்டு அண்ணாமலையைப் பற்றியதன்று. கடற்கரை நகரொன்றின் அகன்ற தெருவைப் பற்றியது. கொண்டாடுவாரும் வளையணிந்த கைகளையுடைய பெண்களே. நெடுநல்வாடையில் திரி கொளுத்திய கைகளும் இவையே. மனையினின்று தெருவுக்கும், தெருவினின்று கபாலீச்சரத் திருவிழாவுக்கும் விளக்குச் சென்ற வழி இதனால் தெளிவாகின்றது.

அப்பர் பெருமானும் நமச்சிவாயத் திருப்பதிகத்திலே இல்லத்தின் இருளைப் போக்கும் விளக்கினை முதலில் வைத்து, அதனின்று படிப்படியாக ஏறித் திருவைந்தெழுத்தாகிய விளக்கைக் காட்டுகின்றார். பிறிதோரிடத்து உடம்பையே மனையாகவும், உள்ளத்தை அகலாகவும், உணர்வினை நெய்யாகவும், உயிரைத் திரியாகவும் உருவகிக்கின்றார். பிற்காலத்தே உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில், புற இருள் பிற பொருளை மறைப்பினும் தன்னைக் காட்டும், ஆணவ இருளோ தன்னையும் காட்டாது என்று நுட்பமாக வேறுபடுத்தினார். மழைக்கால இரவின் கரிய இருளில் மண்ணகல் ஏற்றிப் பழகிய வீட்டார்க்கு இவ்வேறுபாட்டினை விளக்குதல் ஆசிரியர்க்கு அரிதாயிராது.

விளக்குத் தொண்டே நெறியாகக் கொண்ட நாயன்மார் சிலர் வரலாறு ஈண்டு நினைத்தற்குரியது. இருக்குவேளூர்க் கணம்புல்ல நாயனார் செல்வம் தொலைந்தபின் தில்லையை அடைந்து, கணம்புல்லை அரிந்து விற்று நெய் வாங்கித் திருப்புலீச்சரத்து விளக்கெரித்தார். புல் விலைபோகாத நாளில் அப்புல்லையே எரித்தார். அஃது உரிய பொழுதளவும் எரியப் போதாமையால் தம் முடியையே விளக்கில் மடுத்து எரித்தார். அவரது குருபூசை கார்த்திகைத் திங்கட் கார்த்திகை நாளிலே நடைபெறுகின்றது. ஊரெல்லாம் விளக்கேற்றும் அந்நாளில் அவரை நினைந்து ஓர் அகல் வைப்பார் எத்துணையரோ அறியோம். திருவொற்றியூர்க் கலிய நாயனாரோ செக்குத் தொழிலர். எண்ணெய்க்குப் பொருளின்றித் தம் மனைவியாரை விற்கவும் துணிந்து, அதுவும் கைகூடாமையால், தம் கழுத்தை அரிந்து குருதியால் அகலை நிரப்பப் புகுந்தவர்.

சோழர் காலத்தே இத்தொண்டு அறநிலையாக அமைந்தது. நந்தா விளக்கு ஒன்றனுக்குத் தொண்ணூற்றாறு ஆடு விடுதல் கல்வெட்டுக்களில் மிகப் பயின்ற வழக்கு. இடையர் அவற்றைப் பெற்று நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். இறந்ததற்கு ஈடாகக் குட்டியைச் சேர்த்துத் தொகை குறையாமற் காத்தலின் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். கோயில் விளக்கொன்று எரிதற்கு ஓர் இடையர் குடி வழிவழியாகப் பொறுப்பேற்றது என்பதனைக் கல்வெட்டுப் படிப்போர் மறத்தலாகாது.

திருவண்ணாமலைத் தீபத்தைப் பற்றி அன்பர்கள் நன்கு அறிவர். வைகறையிற் பரணி தீபமும், மாலையில் 2668 அடி உயரமுள்ள மலை முடியிலே பெருங்கொப்பரையிற் பெருந்தீபமும் ஏற்றப்படும். மலைத்தீபம் கண்ட பின்னரே நகரத்தார் தம் வீட்டு விளக்கை ஏற்றுவர். மனையிற் பிறந்த விளக்கு மலைமேல் ஏறி, மீண்டும் மனைவிளக்கிற்கு நேரம் காட்டும் தலைமையை ஆங்கே பெற்றது. கூதிர்மழை அம்மலைக்கும் இரங்குவதன்று. 2024 டிசம்பர் முதல் நாளிலே புயல்மழையால் மலைச்சரிவு பெயர்ந்து எழுவர் மாண்டனர். அவ்வாண்டு 13 ஆம் நாள் தீபம் வழக்கம்போல் ஏற்றப்பட்டது. அன்பர்கள் மலையேறுதல் மட்டும் தடுக்கப்பட்டது.

தமிழ்நாட்டுக் கோயில்களின் முன்னே பனைமரத்தை நட்டு ஓலை வேய்ந்து கொளுத்தும் சொக்கப்பனையும், பனம்பூக் கரியைத் துணியிற் பொதிந்து சிறுவர் சுழற்றும் மாவளியும் இந்நாளுக்கே உரியன. உடன்பிறந்தான் நலம் வேண்டி மகளிர் விளக்கேற்றலும், மணமாகிச் சென்ற பெண்ணுக்குத் தாய்வீட்டார் கார்த்திகைச் சீர் விடுத்தலும் பல குடிகளில் உண்டு. குப்பைக் கார்த்திகையன்று எருக்குவியலிலும் ஓர் அகல் வைப்பர். ஆண்டு முழுதும் வயலுக்கு உணவளித்த இடமாதலின் அதனை இருளில் விடுதல் தகாதெனக் கருதினர் போலும்.

விளக்கீடு என்னும் சம்பந்தர் சொல்லை அன்றாட வழக்கிற் காத்து வருவோர் யாழ்ப்பாணத்துச் சைவர். அவர்கள் இந்நாளை இன்றும் அப்பெயராலேயே அழைப்பர். படலையில் வாழைக்குற்றி நட்டு அதன் தலையிற் பந்தம் எரித்து, கிணற்றடி, மாட்டுக்கொட்டில், தோட்டம் என வாழ்விற்கு உதவும் இடமெல்லாம் சிறு விளக்கு வைப்பர். 1995 அக்டோபர் 30 ஆம் நாள் போரின் காரணமாக வலிகாமத்து மக்கள் பல இலட்சவர் ஓரிரவிலே வீடு விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். அதுவும் ஐப்பசி மழையிரவு. அவ்வாண்டுக் கார்த்திகை நிறைமதி வந்தபோது அப்படலைகளில் வாழை நடுவார் இல்லை. கிணற்றடியில் அகல் வைப்பாரும் இல்லை. 1996 ஏப்ரல் முதலாக மக்கள் மீண்டு வரலாயினர். கதவு போனதும் கூரை போனதுமாகிய வீடுகளுள் நுழைந்தோர்க்கு அடுத்த கார்த்திகைக்குச் சில திங்களே இருந்தன.