சட்டைப்பைக்குள் அடங்கும் ஆயுதம்: சிங்கப்பூரின் கைத்துப்பாக்கிச் சட்டம் வந்த வழி

சிங்கப்பூருக்குள் கொண்டுவரக் கூடாதவை என்று சுங்கத்துறை வைத்திருக்கும் பட்டியலில் சூயிங்கமும் பட்டாசும் இருப்பது பலருக்கும் தெரியும். அதே பட்டியலில் பிஸ்டல் அல்லது ரிவால்வர் வடிவில் செய்த சிகரெட் லைட்டரும் உண்டு. அதில் தோட்டா போட இடம் கிடையாது. விசையை இழுத்தால் சின்னச் சுடர் வரும், அவ்வளவுதான். துப்பாக்கி வடிவம் என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் பட்டியல் கைக்குள் அடங்கும் அந்த இரண்டு வகைகளின் பெயரைத்தான் சொல்கிறது. இந்த நாட்டின் ஆயுதச் சட்டம் எதைக் கண்டு அஞ்சுகிறது என்பதற்கு இந்தச் சிறு பதிவை ஒரு தடயமாக எடுத்துக்கொள்ளலாம். துப்பாக்கி கொல்லும் என்பதைக் காட்டிலும் அது மறையும் என்பதுதான் 1913 முதல் 2021 வரை சிங்கப்பூர்ச் சட்டத்தைப் படிப்படியாக வடித்திருக்கிறது என்பது என் வாதம். சட்டம் கடுமையானது என்று சொல்லி நிறுத்திக்கொள்வதே இதுவரை வழக்கம். அந்தக் கடுமை எந்தப் பக்கமாக வளர்ந்தது என்று பார்த்தால், சட்டைப்பை அளவுக்குச் சுருங்கிய ஓர் ஆயுதத்தைப் பின்தொடர்ந்து போன வரலாறு தெரிகிறது.

அந்த ஆயுதத்தின் கதை சிங்கப்பூருக்கு வெளியே தொடங்குகிறது. பிலடெல்பியாவின் துப்பாக்கித் தொழிலாளி ஹென்றி டெரிங்கர் செய்த குட்டிப் பிஸ்டல்களில் ஒன்றுதான் 1865 ஏப்ரல் 14 இரவு நாடக அரங்குக்குள் போய் ஆபிரகாம் லிங்கனின் உயிரை வாங்கியது. ஒரே ஒரு குண்டு, மிகக் கிட்டத்தில் சுட்டால்தான் பயன். ஆனால் கைக்குள் வைத்துக்கொண்டு நடக்கலாம். 1880களில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் ரிவால்வரின் சுத்தியலை அதன் உடற்பகுதிக்குள்ளேயே மூடிவிட்டது. பையிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டாமல் வர வேண்டும் என்ற எண்ணம் அந்த வடிவத்திலேயே பதிந்திருக்கிறது. பிறகு ஜான் பிரவுனிங் வடிவமைக்க, பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலை 1906-இல் வெளியிட்ட பிஸ்டலின் நீளம் ஏறத்தாழ பதினொன்றரை சென்டிமீட்டர், எடை 370 கிராம் அளவில், தோட்டாவின் விட்டம் 6.35 மில்லிமீட்டர். நடுத்தர உள்ளங்கையை விரித்து அதன் மேல் வைத்தால் விரல் நுனிகள் வெளியே தெரியும். கோட்டின் உள்பையில் பைக்கடிகாரச் சங்கிலியோடு கிடக்க வேண்டும் என்பதற்காகவே செய்த பொருள் அது. தூரம், துல்லியம், வலு ஆகிய மூன்றையும் விட்டுக்கொடுத்து மறைவு என்ற ஒன்றை வாங்கிக்கொண்ட ஆயுதம் என்று அதைச் சொல்லலாம். சட்டம் எதிர்கொள்ள வேண்டியிருந்தது இந்தப் பண்டமாற்றைத்தான்.

அந்தக் காலத்துக் காலனியச் சட்டங்கள் துப்பாக்கியை வண்டி மாடு போலவும் சாராயக்கடை போலவும் உரிமம் வழங்க வேண்டிய சொத்தாகவே பார்த்தன. இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அப்படிப்பட்டது. யாரிடம் துப்பாக்கி இருக்கிறது என்பது கலெக்டர் கச்சேரியின் பதிவேட்டில் தெரிந்தால் போதும் என்பது அதன் நம்பிக்கை. அந்த நம்பிக்கை எங்கே உடைந்தது என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் நின்ற ரயிலின் முதல் வகுப்புப் பெட்டியில் ஏறிய வாஞ்சிநாதன், திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டலால். அந்தச் செயலின் நியாயம் வேறு விவாதம். இங்கே முக்கியம் அதன் கருவி. பெட்டிவரை அந்தத் துப்பாக்கி யார் கண்ணிலும் படவில்லை. பின்னர் நடந்த விசாரணை, சதியின் இழைகளைப் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியோடு இணைத்தது. உரிமப் பதிவேட்டுக்கு எல்லைக்கு அப்பால் கண் கிடையாது, சட்டைக்குள்ளும் கண் கிடையாது. இரண்டே ஆண்டுகளில், 1913-இல், சிங்கப்பூரில் ஆயுதங்கள், வெடிபொருள்கள் பற்றிய சட்டம் வந்தது. மணியாச்சிதான் அதற்குக் காரணம் என்று சொல்ல இடமில்லை. ஆனால் இறக்குமதி, உற்பத்தி, உடைமை எல்லாவற்றுக்கும் உரிமம் என்ற அதே தர்க்கத்தின் மேல்தான் அதுவும் எழுந்தது.

உரிமத் தர்க்கம் இரண்டாம் உலகப் போரோடு பயனற்றுப்போனது. ஜப்பானியரை எதிர்த்துக் காட்டுக்குள் போரிட்ட மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படைக்கு நேசநாடுகள் விமானத்திலிருந்து ஆயுதம் போட்டன. 1945 டிசம்பரில் படை கலைந்தபோது எல்லாம் திரும்பி வரவில்லை. 1948-இல் அவசரநிலை வந்தது. காட்டுக்குள் நீண்ட துப்பாக்கிகளின் போர் நடந்துகொண்டிருக்க, நகரத்துக்குள் குட்டித் துப்பாக்கிகள் கைமாறின. சிங்கப்பூரின் ரகசியக் கும்பல்களுக்குப் பழைய ஆயுதம் வெட்டரிவாளும் பாராங்கும்தான். 1950களிலும் 60களிலும் கும்பல் சண்டையிலிருந்து பணத்துக்காக ஆள் கடத்துவது, கொள்ளையடிப்பது என்று அவை மாறியபோது கைத்துப்பாக்கி இன்றியமையாததாகிவிட்டது. செல்வந்தர்கள் காரிலிருந்து இறங்கும் நொடியில் கடத்தப்பட்டார்கள். 1961-இல் ஆள் கடத்தலுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. தேடப்பட்ட கொள்ளையர்களில் பெயர்போனவன் லிம் பான் லிம். 1968-இல் ஒரு போலிஸ் கார்ப்பரலைச் சுட்டுக் கொன்றதற்காகத் தேடப்பட்ட அவன், 1972 நவம்பரில் குவீன்ஸ்டவுனின் மார்கரெட் டிரைவில் போலிசார் வைத்த பொறியில் சுடப்பட்டு இறந்தான். நான்கு ஆண்டுகள் அவனால் பிடிபடாமல் உலவ முடிந்தது என்பதுதான் அந்தக் காலத்து உள்துறையை உறுத்தியிருக்க வேண்டும். நெரிசலான தெருவில் ஆயுதத்தோடு நடப்பவனும் ஆயுதமில்லாமல் நடப்பவனும் பார்வைக்கு ஒன்றுதான்.

1973-இல், சுவா சியான் சின் உள்துறை அமைச்சராக இருந்தபோது, ஆயுதக் குற்றங்கள் சட்டம் நிறைவேறியது. மலேசியா இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1971-இல், துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையை உயர்த்தும் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. ஜொகூர் பாலத்தின் இரு பக்கமும் ஒரே கவலை. சிங்கப்பூர்ச் சட்டத்தின் பிரிவுகளை அடுத்தடுத்து வாசித்தால் அதன் எண்ண ஓட்டம் புலப்படும். சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தாலே ஐந்து முதல் பத்து ஆண்டு சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. குறிப்பிட்ட குற்றம் ஒன்றைச் செய்யும்போது அது உடம்பில் இருந்தால், எடுத்துக் காட்டாவிட்டாலும், ஆயுள் தண்டனை. சுட்டால், சுட முயன்றால், மரணம். குண்டு யார் மேலும் படாமல் போனாலும் மரணம். இரண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் பிடிபட்டால் விற்பனைக்கு வைத்திருந்ததாகவே சட்டம் ஊகித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் ஊகம் உண்டு: துப்பாக்கியைப் பயன்படுத்தியவன் உடலுக்கோ உடைமைக்கோ ஊறு செய்யும் எண்ணத்தோடுதான் பயன்படுத்தினான், இல்லையென்றால் அதை நிரூபிப்பது அவன் பொறுப்பு. 1913 சட்டம் பதிவேட்டைப் பார்த்தது. 1973 சட்டம் மனிதனின் இடுப்பையும் பையையும் பார்க்கிறது. வெளியே தெரியாத பொருளைக் கண்டுபிடிக்க முடியாத அரசு, அதைக் கொண்டுதிரிவதன் விலையைச் சிறையாகவும் சுடுவதன் விலையை உயிராகவும் ஆக்கிவிட்டது.

அதே 1973-இல்தான் ஆங் மோ கியோ புதுநகர வேலையும் தொடங்கியது. ரப்பர்த் தோட்டமும் கம்பம் எனப்படும் சிற்றூர்களும் இருந்த நிலத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) எழுப்பிய ஏழாவது புதுநகரம் அது. 1980 வாக்கில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. இந்த இரண்டையும் ஒரே ஆண்டில் சேர்த்தது தற்செயல்தான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயன் உண்டு. கம்பத்தில் அந்நியன் நுழைந்தால் நாய் குரைக்கும், எட்டு வீட்டுக்குத் தெரியும். அடுக்குமாடியில் நூறு குடும்பங்கள் இரண்டு மின்தூக்கிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. புளோக்கின் கீழ்த்தளம் நாலாபக்கமும் திறந்தது. அங்கே ஈரச்சந்தைக்குப் போகும் பாட்டியும், பள்ளிப் பையோடு ஓடும் பிள்ளையும், முன்பின் தெரியாத ஆளும் தோளோடு தோள் உரச நடக்கிறார்கள். மின்தூக்கிக்குள் ஆறு பேர் நின்றால் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையே ஒரு முழம் இருக்காது. குட்டித் துப்பாக்கியின் குறைகள் எல்லாம், அதாவது தூரம் போகாதது, குறி பிசகுவது, வலுக்குறைவு, இந்த ஒரு முழத்தில் ஒன்றுமில்லாமல் போகின்றன. நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோரை இப்படி அடுக்கி வைக்கத் தீர்மானித்த அரசு, இடுப்பில் மறைவாக ஆயுதம் செருகிய அயலான் என்ற ஒருவனுக்கு அந்த அடுக்கில் இடமே இருக்கக் கூடாது என்று நினைத்தது இயல்பு. அனுமதி பெற்ற துப்பாக்கி எப்படித் தோன்றுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 1972-இல் அமைந்த சிஸ்கோ என்ற பாதுகாவல் அமைப்பின் காவலர்கள் வங்கி வாசலில் ரிவால்வரைச் சீருடையின் மேல், எல்லோர் பார்வையிலும் தாங்கி நின்றார்கள். மஃப்டி போலிசார் மட்டும் விதிவிலக்கு. நாடு ஏற்றுக்கொண்ட துப்பாக்கி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் துப்பாக்கி.

சட்டத்தின் உள்ளமைப்பு துலக்கமாக வெளிப்பட்ட வழக்கு 2006-இல், ஆங் மோ கியோவுக்கு அடுத்த வட்டாரத்தில் நடந்தது. பிப்ரவரி 15 காலை, ‘ஒற்றைக்கண் டிராகன்’ என்று அழைக்கப்பட்ட டான் சோர் ஜின், சிராங்கூன் அவென்யூ 4-இல் ஒரு வீட்டுக்குள் புகுந்து, குடும்பத்தாரைக் கட்டிப்போட்டு, கேளிக்கை விடுதி நடத்திவந்த வீட்டுக்காரரைச் சுட்டுக் கொன்றான். கையில் இருந்தது 0.22 காலிபர் பெரெட்டா. மிகச் சிறிய தோட்டா, ஆறு முறை சுடப்பட்டது. மலேசியாவுக்குத் தப்பி அங்கே பிடிபட்டவன் மேல் முதலில் வந்தது கொலைக் குற்றச்சாட்டு. பிறகு அது ஆயுதக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் துப்பாக்கியைப் பயன்படுத்திய குற்றமாக மாற்றப்பட்டது. துப்பாக்கி தற்செயலாக வெடித்தது என்று அவன் தானே வாதாடினான், நீதிமன்றம் ஏற்கவில்லை. 2009 ஜனவரி 9 அன்று தூக்கு நிறைவேறியது. ஓர் உயிர் போயிருக்கும்போதே கொலைச் சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டுத் துப்பாக்கிச் சட்டத்தைக் கையில் எடுத்தது, 1973-இன் ஊகம் எவ்வளவு வலியது என்பதைக் காட்டுகிறது. கொல்லும் எண்ணம் இருந்தது என்று அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டிய இடத்தில், ஊறு செய்யும் எண்ணம் இல்லை என்று எதிரி மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று.

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் வரலாம். முதலாவது, துப்பாக்கிக் குற்றம் அருகியதற்குச் சட்டமா காரணம் என்பது. வேலைவாய்ப்பு பெருகியது, கும்பல்காரர்களை விசாரணையின்றிக் காவலில் வைக்க 1955-இன் தற்காலிகக் குற்றவியல் சட்டம் இருந்தது, 1983-இல் தோ பாயோவில் தொடங்கிய அக்கம்பக்கப் போலிஸ் நிலையங்கள் புளோக்குக்குக் கீழேயே வந்துவிட்டன. இவை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. 1973 சட்டம் மட்டுமே தீவை அமைதியாக்கியது என்பவர் வரலாற்றைக் குறுக்குகிறார். ஆனால் நான் கேட்பது சட்டம் வென்றதா என்பதை அல்ல, அது எந்த வடிவில் வளர்ந்தது, ஏன் என்பதை. வறுமையோ வேலையின்மையோ, லைட்டரின் வடிவத்துக்குத் தடை விதிப்பதை விளக்காது. மறைவைப் பற்றிய அச்சம் விளக்கும்.

இரண்டாவது, அமெரிக்காவில் அதிகம் கேட்கும் வாதம்: பையில் மறைத்த சிறு துப்பாக்கி எளியவருக்கும் பெண்களுக்கும் பாதுகாப்பு; யாரிடம் இருக்கிறது என்று தெரியாததே திருடனைத் தயங்கவைக்கும். வீடுகள் தூரதூரமாக இருக்கும் நிலத்தில், போலிஸ் வர ஒரு மணிநேரம் ஆகும் இடத்தில், இதற்குப் பொருள் இருக்கலாம். ஆனால் மறைவு யாருக்கு உதவுகிறது என்று பார்க்க வேண்டும். நேரத்தையும் இடத்தையும் தேர்ந்தெடுப்பவன் தாக்குபவன். அவன் கை ஏற்கெனவே பைக்குள் இருக்கிறது. தாக்கப்படுபவரின் கையில் காய்கறிப் பையோ குழந்தையின் விரலோ இருக்கும். மணியாச்சியிலும், லிங்கன் அமர்ந்திருந்த அரங்கிலும், 1948 ஜனவரி 30 அன்று காந்தியின் முன் பெரெட்டாவோடு ஒருவன் வந்து நின்ற பிர்லா இல்லத் தோட்டத்திலும் மறைவு சுட வந்தவனுக்கே பயன்பட்டது. ஆங் மோ கியோவின் மின்தூக்கியில் எல்லோர் பையிலும் ஒரு துப்பாக்கி இருக்கக்கூடும் என்ற எண்ணத்தோடு ஏறி இறங்கும் வாழ்க்கையை யாரும் பாதுகாப்பு என்று சொல்லமாட்டார்கள்.

மூன்றாவது மறுப்பு கனமானது. அதை நான் முழுமையாகக் கடக்கவில்லை, கடக்கவும் விரும்பவில்லை. எண்ணத்தை ஊகித்துக்கொண்டு, அதன் முடிவில் மாற்ற முடியாத தண்டனையை வைப்பது குற்றவியல் நீதியின் அடிப்படையை அசைக்கிறது. 2012-இல் சிங்கப்பூர் நாடாளுமன்றம் கட்டாய மரண தண்டனையைத் திருத்தியபோது, கொல்லும் எண்ணமின்றி நேர்ந்த கொலைக்கும், சில சூழல்களில் போதைப்பொருள் குற்றத்துக்கும் நீதிபதிக்கு விருப்புரிமை கொடுத்தது. துப்பாக்கிக் குற்றத்துக்குக் கொடுக்கவில்லை. ஓர் உயிரைப் பறித்த கத்திக்குத் தப்பிக்க வழி உண்டு, யார் மேலும் படாத தோட்டாவுக்கு இல்லை. மலேசியா 2023-இல் கட்டாய மரண தண்டனையையே எடுத்துவிட்டது. அங்கே இப்போது நீதிபதி எடைபோடலாம். அச்சத்தின் காரணம் எனக்குப் புரிகிறது. துப்பாக்கியை முற்றாக விலக்கி வைப்பதும் சரி என்றே கருதுகிறேன். ஆனால் மறைத்து வைத்ததற்கும் சுட்டதற்கும் கடும் தண்டனை வேண்டும் என்பதிலிருந்து நீதிபதிக்கு எடைபோட இடமே வேண்டாம் என்பது பிறக்காது. முதலாவதற்கு இந்த வரலாறு நல்ல சான்று. இரண்டாவதற்கு அதில் சான்று இல்லை.

2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துப்பாக்கிகள், வெடிபொருள்கள், ஆயுதங்கள் கட்டுப்பாட்டுச் சட்டம் 1913-இன் சட்டத்துக்கு மாற்றாக வந்தது. முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் துப்பாக்கி செய்வதற்கான மின்னிலக்க வரைபடத்தை அனுமதியின்றி வைத்திருப்பதும் இப்போது குற்றம். பிரவுனிங்கின் பிஸ்டலுக்கு 370 கிராம் எடை இருந்தது. உடம்பைத் தடவினால் கைக்குத் தட்டுப்படும். கைப்பேசிக்குள் இருக்கும் கோப்புக்கு எடையும் இல்லை, விளிம்பும் இல்லை. தெரிந்து வைத்திருந்தானா, தெரியாமல் வந்து சேர்ந்ததா என்ற கேள்வி பிஸ்டல் வழக்கில் எப்போதாவது எழும். கோப்பு வழக்கில் ஒவ்வொரு முறையும் எழும். 1973-இல் துப்பாக்கிக்கென்று உருவான ஊக முறையை அந்தக் கோப்பின் மேலும் வைக்கலாமா என்பதை இனி வரும் வழக்குகளில் நீதிமன்றங்கள்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.