பெட்டிக்கு முன்னே போகும் செய்தி

பெரிய சரக்கு விமானங்கள் வந்து இறங்கும் நகரமல்ல ஈப்போ. ஆனாலும் விமானத்தில் உலகம் சுற்றும் பொருள்கள் இங்கிருந்து நிறையப் போகின்றன. 1972-இல் ஈப்போவில் தொடங்கிய கார்செம், சிம்பாங் பூலாயில் உள்ள யுனிசெம் ஆகியவை மின்னணுச் சில்லுகள் செய்யும் தொழிற்சாலைகள். பேராவின் பண்ணைகளில் வளரும் அலங்கார மீன்களுக்கும் வெளிநாடுகளில் சந்தை உண்டு. இவை லோரியில் ஏறி, வடக்கே பாயான் லெப்பாசுக்கோ தெற்கே சிப்பாங்குக்கோ போனால்தான் பெரிய விமானத்தைப் பிடிக்க முடியும். பெட்டி விமானம் ஏறும் முன்பே அதைப் பற்றிய செய்தி விமான நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அதை அனுப்புபவர்தான் சரக்கு முகவர். நம் பேச்சு வழக்கில் 'பார்வர்டிங் ஏஜண்டு'.

தந்தி விட்டுச் சென்ற பழக்கம்

கம்பி வழியே செய்தி அனுப்புவது பேராவுக்குப் புதிதல்ல. 1876-லேயே கோலகங்சாருக்கும் தைப்பிங்குக்கும் இடையே தந்திக் கம்பி இழுக்கப்பட்டது. தந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு. அதனால் சுருக்கி எழுதும் பழக்கம் வந்தது.

1949-இல் பதினொரு விமான நிறுவனங்கள் கூடி 'சிட்டா' என்ற பொதுத் தகவல் தொடர்பு அமைப்பை உருவாக்கின. அப்போது செய்தி போனது தட்டச்சுத் தந்தியில். பிறகு கணினி வந்தது. ஆனால் சுருக்கெழுத்துப் பழக்கம் மாறவில்லை. விமானச் சரக்குச் செய்திகள் இன்றும் மூன்றெழுத்துக் குறிகளில்தான் பேசுகின்றன. சரக்குச் சீட்டின் முழு விவரத்தையும் தாங்கிப் போவது 'எஃப்.டபிள்யூ.பி.'. பெட்டி விமான நிறுவனத்தின் கைக்கு வந்துவிட்டதா? 'ஆர்.சி.எஸ்.' என்று பதில் வரும். விமானம் புறப்பட்டால் 'டி.இ.பி.', உரியவரிடம் ஒப்படைத்துவிட்டால் 'டி.எல்.வி.'.

சீட்டின் எண்ணிலும் ஒரு காவல் உண்டு. மொத்தம் பதினொரு இலக்கங்கள். முதல் மூன்று, விமான நிறுவனத்தின் அடையாளம். மலேசிய ஏர்லைன்சுக்கு 232. அடுத்த ஏழும் வரிசை எண். அதை ஏழால் வகுத்தால் வரும் மீதிதான் கடைசி இலக்கம். 1234567-ஐ ஏழால் வகுத்தால் மீதி 5, ஆகவே 12345675. இலக்கத்தைத் தவறாகத் தட்டினால் பெரும்பாலும் கணினியே கண்டுபிடித்துவிடும்.

சட்டம் போட்ட முட்டுக்கட்டை

இவ்வளவு வசதி இருந்தும் காகிதம் ஏன் ஒழியவில்லை? காரணம் சட்டம். 1929-ஆம் ஆண்டின் வார்சா ஒப்பந்தம், சரக்குச் சீட்டுக்கு மூன்று மூலப் பிரதிகள் வேண்டும் என்றது. ஒன்று விமான நிறுவனத்துக்கு, ஒன்று பெறுபவருக்கு, ஒன்று அனுப்புபவருக்கு. மின்பதிவு போதும் என்று வழிவிட்ட திருத்தம் 1975-இல் எழுதப்பட்டாலும், 1998-இல்தான் நடப்புக்கு வந்தது. 1999-இல் உருவான மாண்ட்ரியல் ஒப்பந்தம் 2003-இல் அமலானது. மலேசியாவுக்கு அது பொருந்தியது 2008-இல். காகிதமில்லாச் சீட்டே வழக்கமான ஒப்பந்தம் என்று அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கம் அறிவித்தது 2019 ஜனவரியில். அதுவும் இந்த ஒப்பந்தங்கள் இடம் தரும் தடங்களுக்கு மட்டும். எந்திரம் ஓடத் தயாராக நின்றது. சட்டம் நடந்து வந்தது.

செய்தி தொலைந்தால்?

செய்தியின் மதிப்பை உலகத்துக்குக் காட்டியது 1998 ஜூலை. ஹாங்காங்கில் புதிய செக் லாப் கோக் விமான நிலையம் திறந்த கையோடு, அதன் பெரிய சரக்கு முனையத்தின் கணினி முறை தடுமாறியது. பெட்டிகள் கட்டடத்துக்குள்தான் இருந்தன. எந்தப் பெட்டி எங்கே என்ற தகவல்தான் இல்லை. சரக்கு ஏற்பதையே நிறுத்திவிட்டு, மூடிய பழைய காய் தாக் நிலையத்தை மீண்டும் நாட வேண்டியதாயிற்று.

2010 அக்டோபரில் ஏமனிலிருந்து அனுப்பிய அச்சு எந்திரங்களுக்குள் வெடிகுண்டுகள் சிக்கின. அதன் பின், பெட்டியின் விவரத்தை முன்கூட்டியே கேட்பது பாதுகாப்பு ஏற்பாடாகவும் ஆகிவிட்டது.

கிராணியின் கணக்கு

ரப்பர் தோட்டங்களில் பால் நிறுக்கும் இடத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிராணி புத்தகத்தில் எழுதிய எடைதான் எடை. அவர் குறைத்து எழுதினால் அன்றையக் கூலி குறைந்தது, கேட்பாரில்லை.

இங்கே நிலைமை வேறு. சீட்டில் தரும் விவரம் சரியாக இருப்பதற்கு அனுப்புபவரே பொறுப்பு என்று 1929-இன் ஒப்பந்தமும் சொன்னது. 1999-இன் ஒப்பந்தமும் சொல்கிறது. அவர் சார்பில் முகவர் தந்தாலும் பொறுப்பு அவருடையதே. பிழையால் விமான நிறுவனத்துக்கு வரும் நட்டத்துக்கும் அவர்தான் ஈடு கட்ட வேண்டும். ஏழால் வகுக்கும் காவல் எண்ணுக்கு மட்டுமே. 54 கிலோவை 45 என்று தட்டினால் எந்தக் குறியும் தடுக்காது. தராசில் ஏற்றும்போது வேறுபாடு தெரியவரும். திருத்தி முடிப்பதற்குள் விமானம் போய்விடலாம். பையிலுள்ள மீன் மறு விமானம் வரை காத்திருக்குமா?

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகரங்களுக்கு வந்துவிட்டார்கள். எழுதும் வேலையைக் கணினி விழுங்கிவிடும் என்று நம் இளைஞர்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. முன்பு பல மேசைகளில் திரும்பத் திரும்ப எழுதியதை இன்று ஒருவர் ஒரே முறை தட்டுகிறார். ஆள் தேவை குறைந்துதான் போயிற்று. ஆனால் அந்த ஒரு முறை தட்டுபவரின் கைதான் பெட்டியின் பயணத்தைத் தீர்மானிக்கிறது. எண்களின் பொருளும் சட்டத்தின் பொறுப்பும் தெரிந்தவருக்கே அந்த நாற்காலி. நம் பிள்ளைகள் அதற்குத் தயாராகட்டும்.