பொங்கல் மேட்சும் பம்பாய்ப் பழியும்

சேப்பாக்கத்தில் பொங்கலை ஒட்டி ஆண்டுதோறும் நடந்த இந்தியர் – ஐரோப்பியர் கிரிக்கெட் ஆட்டம் 1952-ல் நின்றுபோன கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தோம். அதற்கு முன் ஒரு வழக்கைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. மெட்ராஸ் பிரசிடென்சி மேட்ச் என்ற அந்தப் போட்டியைப் பம்பாயின் மதவாரிப் போட்டியோடு ஒரே மூட்டையில் கட்டி, இரண்டும் ஒழிந்தது நல்லதற்கே என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பம்பாயைப் பற்றி அவர்கள் சொல்வது சரி. சென்னையைப் பற்றிச் சொல்வது அநியாயம்.

பம்பாயில் 1892-ல் பார்சிகளும் ஐரோப்பியரும் மோதினார்கள். 1907-ல் இந்துக்கள், 1912-ல் முஸ்லிம்கள், 1937-ல் மிச்சமிருந்தவர்களுக்கெல்லாம் சேர்த்து ‘ரெஸ்ட்’ என்று ஓர் அணி. கிறிஸ்தவர் என்பதால் விஜய் ஹசாரே அந்த ‘ரெஸ்ட்’டில் ஆடினார். 1943-ல் இந்துக்களுக்கு எதிரான இறுதியாட்டத்தின் இரண்டாவது இன்னிங்ஸில் அணி எடுத்த 387 ரன்னில் அவர் ஒருவரே 309 அடித்தார். அத்தகைய ஆட்டக்காரரையும் விஜய் மெர்ச்சன்டையும் எதிரெதிரே நிறுத்தியது மதம். இந்து அணிக்குள்ளோ சாதி. பல்வங்கர் பாலூ என்ற மகத்தான பந்துவீச்சாளருக்குக் கடைசிவரை கேப்டன் பதவி தரவில்லை. 1940-ல் காந்தி கண்டித்தும் அந்தப் போட்டி 1946 வரை உயிரை இழுத்துப் பிடித்தது. சேப்பாக்கத்தில் இந்தப் பிரிவினைக்கு இடமே இருக்கவில்லை. பம்பாயில் இந்து அணிக்கு ஆடிய சி.கே. நாயுடு, இங்கே இந்தியர் அணிக்கு ஆடினார். சீக்கியரான ஏ.ஜி. ராம்சிங்கும், செங்கல்பட்டுப் பக்கத்து மொறப்பாக்கத்தில் பிறந்த எம்.ஜே. கோபாலனும் அதே அணியில்தான் பந்து வீசினார்கள்.

ஐரோப்பியர், இந்தியர் என்று பிரிப்பதும் நிறவெறிதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கோட்டைப் போட்டவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். 1846-ல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் பெவிலியனில் இந்தியருக்கு இடமில்லை. அவர்கள் மரநிழலில்தான் இருக்க வேண்டும். அதைப் பொறுக்காமல்தான் மொத்தவரப்பு வெங்கட மகிபதி நாயுடு என்ற புச்சி பாபு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். பின்னர் வெள்ளையரைச் சரிசமமாக மோத வரும்படி அழைத்தார். 1908 டிசம்பரில் அந்த ஆட்டம் நடப்பதற்குள் அவர் இறந்துபோனார். ஆக, விலக்கப்பட்டவர்கள் வாசலைத் தட்டித் தொடங்கிய போட்டி இது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் புதுச்சேரிப் பக்கம், தவளக்குப்பத்தைத் தாண்டித் தெற்கே போனால் வந்துவிடும் பிரிட்டிஷ் எல்லைக்கு இப்பால், இப்படி ஒரு கதவும் இல்லை, தட்டலும் இல்லை. புதுச்சேரி அணி ரஞ்சிக் கோப்பைக்குள் நுழைய 2018 ஆயிற்று.

இதன் பலனை அறிய புச்சி பாபுவின் மகன் கோட்டா ராமசாமி ஒருவரே போதும். தாய்வழிக் குடும்பத்துக்குத் தத்துப் போனதால் ‘கோட்டா’ ஒட்டிக்கொண்டது. இந்த ஆட்டம் முதல்தர அந்தஸ்து பெற்ற 1915-16 பருவத்திலிருந்தே அதில் இறங்கிய இடக்கை ஆட்டக்காரர். கேம்பிரிட்ஜில் படிக்கப்போய் டென்னிஸில் பேர் வாங்கி, 1922-ல் டாக்டர் ஃபைசியோடு சேர்ந்து இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பையில் இரட்டையர் ஆடினார். ஊர் திரும்பி விவசாயத் துறையில் உத்தியோகம். மற்றவர்கள் மட்டையைக் கீழே வைக்கும் நாற்பது வயதில், 1936-ல் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடி 40-ம் 60-ம் எடுத்தார். அடுத்து ஓவல் மைதானத்தில் 29, ஆட்டமிழக்காமல் 41. அவர் ஆடியது அந்த இரண்டு டெஸ்ட்தான். மொத்தம் 170 ரன், சராசரி 56-க்கு மேல். 1985-ல் 89 வயதில் வீட்டைவிட்டுப் போனவர் திரும்பவில்லை. பட்டோடிகளையும் கவாஸ்கர்களையும் கொண்டாடும் நாம் இவருக்குப் பட்ட கடனைத் தீர்க்கவேயில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

நகரத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு எல்லாம் கிடைத்தது, எளியவருக்கு என்ன கிடைத்தது என்று இன்னொரு மறுப்பு வரலாம். கோபாலனைப் பாருங்கள். அவரை அடையாளம் கண்டு பர்மா ஷெல் கம்பெனியில் வேலை கிடைக்கச் செய்தவர், எதிரணியான ஐரோப்பியரின் தூணாக இருந்த சி.பி. ஜான்ஸ்டன். 1934 நவம்பரில் மைசூருக்கு எதிராக அதே சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்தபோது ஜான்ஸ்டன் மெட்ராஸ் கேப்டன். முதல் பந்தை வீசியவர் கோபாலன். ராம்சிங் 11 விக்கெட் எடுக்க, ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. பம்பாய்ப் போட்டியில் எதிரெதிரே நின்றவர்களை அந்தப் போட்டி அப்படியே பிரித்துவைத்தது. இங்கோ பொங்கலுக்கு மோதியவர்கள் ரஞ்சியில் தோளோடு தோள் நின்றார்கள். இரண்டையும் ஒன்றென்று எழுதுகிறவர்கள் இந்த ஓர் ஆட்டத்தின் ஸ்கோரையாவது ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பின் வெள்ளையர் அணிக்கு ஆள் குறைந்து 1952-ல் ஆட்டம் நின்றதையும், அந்த இடத்தில் கோபாலன் பெயரால் இலங்கையோடு ஒரு கோப்பைப் போட்டி தொடங்கியதையும் அடுத்த வாரம் எழுதுகிறேன்.