விளையாடும்போது மட்டும் கணினி நின்று போகிறதா? புதிய கார்டு வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

பள்ளிப் பாடம், யூடியூப் எல்லாம் மணிக்கணக்கில் ஓடும். விளையாட்டைத் திறந்து பத்து நிமிடம் ஆனதும் கணினி நின்றுவிடும். "கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது" என்று யாராவது சொல்வார்கள். பல நூறு ரிங்கிட் கொடுத்துப் புதிது மாட்டிய பிறகும் அதே கதைதான். பிராசசர், ரேம், கார்டு, பவர் சப்ளை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கடுமையாக வேலை வாங்குவது விளையாட்டு. இவற்றில் எது பலவீனமாக இருந்தாலும் அப்போதுதான் வெளியே தெரியும். ஆகவே கணினி எப்படி நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டு, கணினி வழக்கம்போல் இயங்கினால் பெரும்பாலும் பெரிய செலவு இருக்காது. ஸ்டீமில் அந்த விளையாட்டின் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி உண்டு. அதைச் செய்துவிட்டு, கார்டின் டிரைவரையும் புதுப்பியுங்கள்.

நீலத் திரை வந்தால் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். புதிய விண்டோஸ் 11-இல் அது கறுப்பாக வரும். அதில் 'வீடியோ டிடிஆர்' என்று இருந்தால் கார்டு அல்லது அதன் டிரைவர் பக்கம் பாருங்கள். 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றால் ரேமைச் சந்தேகிக்கலாம். பயோஸில் எக்ஸ்எம்பி போட்டிருந்தால் அதை நிறுத்திவிட்டு ஒரு நாள் விளையாடிப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை. மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

எந்த அறிவிப்பும் இல்லாமல் சட்டென்று அணைந்தால் சூடு அல்லது மின்சாரம்தான் முதல் சந்தேகம். ஈவண்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று பார்த்ததும் பவர் சப்ளை போய்விட்டது என்று முடிவு கட்டுபவர்கள் பலர். கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர அது வேறொன்றும் சொல்வதில்லை.

சூட்டை அளக்க எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. நம் ஊர் வெக்கையில் கார்டு 80 பாகையைத் தாண்டுவது அதிசயமல்ல. ஆனால் பிராசசர் 100 பாகையிலேயே நின்றால் விசிறியையும் தூசியையும் பாருங்கள். மின் இணைப்பைத் துண்டித்த பிறகு, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதுங்கள். மடிக்கணினியை மெத்தைமேல் வைத்து விளையாடும் பிள்ளைகளுக்கு மேசையே பாதி மருந்து.

சூடு சரியாக இருந்தும் அணைந்தால் பவர் சப்ளையைப் பாருங்கள். மலிவான சப்ளைகள் சிலவற்றில், மேலே ஒட்டியிருக்கும் வாட் அளவு உண்மையில் கிடைக்காது. நண்பரிடம் நல்லது ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதே சரியான சோதனை. பழையதைத் திறந்து பார்க்கவே வேண்டாம். இணைப்பைக் கழற்றிய பின்னும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றி வைப்பதும், இணையக் கம்பியையும் சேர்த்துக் கழற்றுவதும் நல்லது.

இன்னொரு வகை பலரை ஏமாற்றியிருக்கிறது. விளையாட்டு தொடங்கும்போதே 'வீடியோ மெமரி போதவில்லை' என்று செய்தி வரும். படித்தவர் கார்டைத்தான் குறை சொல்வார். டெக்கன் 8 போன்ற அன்ரியல் இன்ஜின் விளையாட்டுகளில் இந்தச் செய்தி வந்தபோது, 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர் வைத்திருப்பவர்கள் இன்டெல்லை நாடும்படி கார்டு தயாரிக்கும் என்விடியாவே 2024-இல் சொன்னது. அளவுக்கு மீறிய வோல்டேஜ் பிராசசரைப் பழுதாக்கியது பின்னர் தெரியவந்தது. மேசைக் கணினிகளுக்கான 65 வாட்டும் அதற்கு மேலுமான வகைகளுக்கே இந்தப் பிரச்சினை. 2024 ஆகஸ்டு முதல் பயோஸ் வழியாகத் திருத்தம் வந்தது. உங்கள் மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் அதை எடுத்துப் போடுங்கள். ஏற்கெனவே பழுதான பிராசசரை அது குணப்படுத்தாது, மாற்றத்தான் வேண்டும்.

பெட்டியோடு தனியாக விற்ற அந்தப் பிராசசர்களுக்கு இன்டெல் உத்தரவாதத்தை மேலும் 2 ஆண்டு நீட்டியுள்ளது. கடையில் பூட்டிக் கொடுத்த கணினி என்றால் முதலில் விற்ற கடையைத்தான் கேட்க வேண்டும். ரசீதைத் தேடி எடுத்து, நீலத் திரைப் படங்களோடு கொண்டு போங்கள்.