ஆய்வுக்குப் படியளப்போர் யார்?

அறிவு விலைக்கு விற்கும் பண்டமன்று என்பது நம் முன்னோர் கொண்ட கொள்கை. ஆயினும் அறிவைத் தேடிப் புறப்படும் மனிதனுக்கும் வயிறு உண்டு. சமூக ஆய்வாளன் ஒருவன் ஒரு கிராமத்திற் சென்று தங்கி, வீடு வீடாக ஏறி இறங்கி, குடும்பக் கணக்குகளைக் குறித்து, அவற்றை மாநாட்டிற் படித்து, நூலாக்கி வெளியிடும் வரையில் அவனுக்கு எவரோ படியளந்தாக வேண்டும். அந்த எவரோ யார் என்னும் கேள்வியை நம் பாடநூல்கள் எழுப்புவதில்லை. ஆய்வின் முடிவைக் கற்பிக்கின்றோம். ஆய்வின் முறையையும் ஓரளவு கற்பிக்கின்றோம். ஆய்வின் கணக்குப் புத்தகத்தை மட்டும் மாணவர்க்குத் திறந்து காட்டுவதில்லை.

இன்று இக்கேள்விக்கு அவசரம் உண்டு. பேராதனையிலும் பிறவிடங்களிலும் சமூகவியல் பயிலும் நம் மாணவர்கள் வெளிநாட்டுப் புலமைப்பரிசில்களையும், மாநாட்டுப் பயண உதவிகளையும், கள ஆய்வு மானியங்களையும் எதிர்பார்த்து நிற்கின்றனர். முன்னர் மேற்கு நோக்கி மட்டும் திரும்பியிருந்த பார்வை இப்பொழுது சீனத்தின் பக்கமும் திரும்பியுள்ளது. 1996இல் அமைக்கப்பட்ட சீனப் புலமைப்பரிசில் மன்றம் பல நாட்டு மாணவர்களை அழைக்கின்றது. மறுபுறத்தில், அமெரிக்க அரசு தன் புல்பிறைட் திட்டத்தைச் சீனத்துடனும் ஹொங்கொங்குடனும் நடத்திவந்ததை 2020ஆம் ஆண்டில் ஒரே ஆணையால் நிறுத்திவிட்டது. வல்லரசுகள் கைகுலுக்கினால் கதவு திறக்கின்றது. முகம் சுளித்தால் மூடுகின்றது. இடையில் நிற்பவன் ஆய்வு மாணவன்.

பணத்துக்கும் ஆய்வுக்கும் உள்ள உறவை அறிய விரும்புவோர்க்குச் சீனத்தின் சமூக ஆய்வு வரலாற்றைவிடச் சிறந்த பாடம் வேறில்லை. அந்நாட்டின் கிராமங்களை அறிவதற்கு இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கச் செல்வர், மிஷன் சபையார், ஜப்பானிய ஆக்கிரமிப்பாளர், புரட்சியாளர், பின்னர் புரட்சி அரசு ஆகிய அனைவரும் முயன்றனர். ஒவ்வொருவரும் வேறொரு கேள்வியோடு சென்றனர்.

தொடக்கமே பொருள் பொதிந்தது. 1900ஆம் ஆண்டின் பொக்சர் கிளர்ச்சியை அடக்கிய வல்லரசுகள் 1901இல் சீனத்தின்மீது 45 கோடி வெள்ளித் தேயல் தண்டப்பணம் விதித்தன. அப்பணம் சீனக் குடியானவனின் வரியிலிருந்தே கறக்கப்பட்டது. தனக்குரிய பங்கு மிகையானது என்று கண்ட அமெரிக்கா, அம்மிகையை 1908 முதல் கல்விக்கெனத் திருப்பி விட்டது. அந்நிதியிலிருந்தே 1911இல் சிங்குவா கல்லூரி எழுந்தது. பறித்த நெல்லில் ஒரு பங்கு திரும்பி வந்தபோது அதற்குத் தருமம் என்று பெயர் வந்தது! ஆயினும் அந்தத் தருமத்தில் உருவான கல்லூரியில் மெய்யான அறிஞர்கள் வளர்ந்தனர் என்பதையும் மறைக்கலாகாது.

அடுத்து, லொசிங் பக் என்னும் அமெரிக்க விவசாயப் பொருளியலறிஞரைக் காண்போம். 'நல்ல நிலம்' என்ற நாவலால் உலகப் புகழ் பெற்ற பேர்ள் பக்கின் முதற் கணவர் இவர். நான்கிங்கில் மிஷன் சபையார் நடத்திய பல்கலைக்கழகத்திலிருந்து 1929 முதல் 1933 வரை இவர் நடத்திய ஆய்வு 22 மாகாணங்களில் 168 இடங்களைத் தொட்டது. 16,786 பண்ணைகளையும் 38,256 குடும்பங்களையும் கணக்கிட்டது. பசிபிக் உறவுகள் கழகம் தூண்டிவிட, றொக்பெல்லர் பணம் துணைநின்ற இவ்வாய்வு 1937இல் பெருநூலாக வெளிவந்தது. இன்றும் பொருளாதார வரலாற்றாசிரியர் அதனைப் புரட்டாமலிருக்க இயலாது. ஆயின் அதன் கேள்வி யாது? விதை, உரம், பண்ணையின் பருமன், போக்குவரத்து, கடன் வசதி. இவற்றைச் சீர்திருத்தினால் விளைச்சல் பெருகும் என்பதே அதன் போக்கு. நிலம் யாருக்குச் சொந்தம், குத்தகை யார் கைக்குப் போகின்றது என்பவை அதில் ஓரமாகவே நின்றன.

ஓரத்தில் நின்ற அக்கேள்வியை நடுவே கொணர்ந்தவர் சென் ஹான்செங். அமெரிக்காவிலும் பேர்லினிலும் கற்று மார்க்சியரானவர். சீன மத்திய ஆய்வுக் கழகத்தின் சமூக விஞ்ஞானப் பிரிவிலிருந்து 1929இல் வூசியிலும் 1930இல் பாவோதிங்கிலும் இளைஞர் குழுக்களுடன் கிராமங்களுக்குச் சென்றார். பின்னர் தென்சீனத்தின் குவாங்தொங் மாகாணத்தை ஆராய்ந்து 1936இல் நூல் வெளியிட்டார். பண்ணையைத் தனியாக எடுத்து நிறுத்துப் பார்ப்பதால் பயனில்லை, பண்ணைகளுக்கிடையே நிலவும் வர்க்க உறவே உழவனின் வறுமைக்கு வேர் என்பது அவர் கண்ட முடிவு.

இங்கே எளிதான முடிவுக்கு ஓடிவிடுவோரை ஓர் உண்மை தடுத்து நிறுத்தும். பக்கின் ஆய்வுக்குத் துணைநின்ற அதே பசிபிக் உறவுகள் கழகமே சென்னின் ஆய்வுகளுக்கும் துணைநின்றது. 1925இல் ஹொனலூலுவில் தோன்றிய அக்கழகம் சில ஆண்டுகளுக்கொருமுறை மாநாடு கூட்டிற்று. 1931இல் ஷங்ஹாயில் கூடிய மாநாட்டுக்கென எழுதப்பட்ட குறிப்பே விரிந்து, ஆங்கிலச் சோசலிச அறிஞர் டோனியின் 'சீனத்தில் நிலமும் உழைப்பும்' என்னும் 1932ஆம் ஆண்டு நூலாயிற்று. ஆகவே செல்வர் பணத்தில் கூடும் மாநாடுகள் யாவும் செல்வர் துதிபாடும் என்று கொள்வது தவறு. கழகத்தின் முடிவு இன்னும் படிப்பினை மிக்கது. 1951, 1952 ஆண்டுகளில் அமெரிக்கச் செனற் குழுவொன்று அக்கழகத்தைக் கம்யூனிஸ்டுக் கூடாரம் என்று கூறி விசாரணைக்கு இழுத்தது. வருவாயும் ஆதரவும் வற்றி, 1960இல் அது மறைந்தது. அளவுக்கு மீறி உண்மை பேச இடமளித்தால் படியளப்போனுக்கே படி நின்றுவிடும்!

நிதியில்லாமலும் பேராய்வு நிகழ்ந்ததுண்டு. ஃபெய் சியாவோதொங்கின் வாழ்வு அதற்குச் சான்று. 1935இல் இளம் மனைவியுடன் குவாங்சி மலைகளில் யாவோ மக்களிடையே ஆய்வுக்குச் சென்றார். அங்கே நேர்ந்த விபத்தில் அவர் படுகாயமுற்றார். உதவி தேடிச் சென்ற மனைவி மலைநாட்டிலேயே உயிர் நீத்தார். அடுத்த ஆண்டு உடல்நலம் தேறுவதற்கென, தம் தமக்கையார் பட்டுத் தொழிற் கூட்டுறவொன்றை வளர்த்துவந்த கிராமத்திற் போய்த் தங்கினார். ஓய்வாகத் தொடங்கிய அவ்விருமாத வாசமே 1939இல் லண்டனில் வெளிவந்த 'சீனத்து உழவர் வாழ்க்கை' என்னும் நூலுக்கு வித்தாயிற்று. மானிட இயலின் ஆசான் மலினோவ்ஸ்கி அதற்கு முன்னுரை எழுதினார். எந்த மானியக் குழுவும் அந்தக் கிராமத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை; உறவும் நம்பிக்கையும் தேர்ந்தெடுத்தன.

இதற்கு நேர்மாறானது தென்மஞ்சூரிய ரயில்வேயின் ஆய்வு. ஜப்பானியப் படைகள் வட சீனத்தை மிதித்திருந்த 1940 முதல் 1944 வரையான காலத்தில் அந்நிறுவனத்தின் ஆய்வாளர் கிராமங்களில் உழவரை அமர்த்திக் கேள்வி கேட்டனர். நிலம், கடன், குத்தகை, குலமரபு அனைத்தும் ஏடுகளில் ஏறின. துப்பாக்கி நிழலில் அளிக்கப்பட்ட விடைகள் எவ்வளவு உண்மையாகும்? எனினும் அவ்வேடுகளைக் கொண்டே பிற்கால வரலாற்றாசிரியர், இந்தியாவிற் பிறந்த பிரசென்ஜித் துவாரா உட்பட, சீனக் கிராமத்தைப் பற்றிச் சிறந்த நூல்களை எழுதினர். கெட்ட நோக்கத்தோடு திரட்டிய தரவும் நல்ல கேள்வியின் முன் வேறு விடை சொல்லக்கூடும்.

புரட்சியாளரும் ஆய்வு செய்தனர். மாஓ சேதுங் 1927இன் தொடக்கத்தில் 32 நாட்கள் ஹூனான் மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிற் சுற்றி உழவர் இயக்கத்தைப் பற்றி அறிக்கை எழுதினார். 1930இல் சுன்வூ மாவட்டத்தில் உள்ளூராரைக் கூட்டிவைத்து, கடைத்தெரு முதல் குத்தகை வரை விசாரித்தார். ஆராயாதவனுக்குப் பேச உரிமையில்லை என்பது அவர் வகுத்த நெறி. ஆனால் ஆட்சி கைக்கு வந்தபின் நிகழ்ந்ததையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1952இல் பல்கலைக்கழகங்களிலிருந்து சமூகவியல் என்னும் துறையே நீக்கப்பட்டது. 1957இல் ஃபெய் தம் பழைய கிராமத்துக்கு மீண்டும் சென்று, கூட்டுறவால் விளைச்சல் பெருகியபோதும் துணைத்தொழில் நலிந்ததால் உழவன் கைக்காசு பெருகவில்லை என்று எழுதினார். வலதுசாரி என்ற முத்திரை அவர்மீது விழுந்தது. 1979இல் துறை மீண்டும் உயிர்பெற்றபோது, அதனை எடுத்து நிறுத்தும் பொறுப்பு முதுமையெய்திய அவரிடமே வந்தது. 1986 முதல் சீன அரசே தேசிய சமூக விஞ்ஞான நிதியை நடத்திவருகின்றது. தனியார் செல்வம் கேள்வியை வளைக்கும் என்று சொல்லும் நாம், அரசின் செல்வமும் கேள்வியை வளைக்கும் என்பதைச் சொல்லத் தயங்கலாகாது.

மறுமுகாமின் கதை இதனினும் நாணத்தக்கது. 1960இல் லண்டனில் தொடங்கிய 'சைனா குவாட்டர்லி' என்னும் ஆய்விதழுக்கு ஆதரவளித்தது பண்பாட்டுச் சுதந்திரக் காங்கிரஸ். அந்தக் காங்கிரசுக்கு அமெரிக்க உளவுத்துறையின் பணம் ஓடியது என்பது 1966, 1967 ஆண்டுகளில் அம்பலமாயிற்று. இதழில் எழுதிய அறிஞர்கள் எல்லாரும் கூலிக்கு எழுதியவர்கள் அல்லர். அவர்களுட் பலர் அறியாமலே அப்பணத்தின் நிழலில் நின்றனர். அதுவே கொடுமை. 1965இல் சிலி நாட்டு அறிஞர் 'கமெலொட்' திட்டத்தின் பின்னே அமெரிக்க இராணுவம் நிற்பதை வெளிப்படுத்தியமையால் அத்திட்டம் கைவிடப்பட்டது. கணக்கைத் திறந்து காட்டு என்று கேட்கும் துணிவு ஒரு சிறுநாட்டின் ஆசிரியர்க்கு இருந்தால், பெருநாட்டின் திட்டமும் சரியும்.

இனி நம் வாசலுக்கு வருவோம். கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து மடவளை வழியே வத்தேகம நோக்கிச் செல்வோர் காண்பது பாத்ததும்பறைப் பிரதேசம். இலங்கைச் சமூக ஆய்வின் மைல்கல்லொன்று இங்கே நடப்பட்டது. என். கே. சர்க்கார், எஸ். ஜே. தம்பையா ஆகியோர் இப்பகுதிக் கிராமங்களை ஆராய்ந்து எழுதிய 'சிதைந்துவரும் கிராமம்' என்னும் அறிக்கையை இலங்கைப் பல்கலைக்கழகம் 1957இல் வெளியிட்டது. கண்டியக் கிராமம் தன்னிறைவும் நல்லிணக்கமும் கொண்ட பழம்பொருள் என்னும் கனவை அது கலைத்தது; காணியற்றோரின் பெருக்கத்தையும், காணிகள் துண்டாடப்படுவதையும் எண்களால் நிறுவிற்று. தலைப்பிலேயே தீர்ப்பை எழுதும் துணிவு, நம் பல்கலைக்கழகத்தின் பெயரால் வந்த ஆய்வுக்கு அன்று இருந்தது.

தம்பையா ஒரு தமிழர். சிங்களக் கிராமங்களை ஆராய்ந்தவர். 1956 ஜூனில் மாணவர் குழுவொன்றோடு கல்லோயாக் குடியேற்றத்தில் ஆய்விலிருந்தபோது இனவன்செயல் அங்கே வெடித்தது. 1960இல் நாட்டைவிட்டுச் சென்ற அவர் தாய்லாந்து, கேம்பிறிட்ஜ், சிக்காகோ, ஹாவட் எனப் புகழின் படிகளில் ஏறினார். கல்லோயாவிற் கண்டதை விரிவாக அவர் நூலில் எழுதியது 1996இலேதான். நல்லறிஞர் நாட்டைவிட்டுப் போவதற்கு வெளிநாட்டுப் பணம் மட்டும் காரணமன்று. உள்நாட்டின் அச்சமும் காரணம்.

அதே மலைநாட்டில் வேறொரு வெற்றிடமும் இருந்தது. 1949இல் அமைந்து 1951இல் அறிக்கையிட்ட கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு, தோட்டங்களால் நெருக்குண்ட கிராமத்தானின் துயரை விரிவாகப் பேசிற்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தால் மேட்டுநிலம் பறிபோன வரலாறு உண்மையே. ஆனால் அதே ஆண்டுகளில்தான், 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் 1949இன் தேர்தற் சட்டத் திருத்தத்தாலும், லயன் அறைகளில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளர் நாடற்றவராயினர். கிராமத்துக்கு ஓர் ஆணைக்குழு; லயத்துக்கு ஓர் ஒழிப்புச் சட்டம்! ஒரே முதலாளித்துவம் நசுக்கிய இரு கூட்டத்தாரை ஒரே நூலில் வைத்துப் பார்க்கும் கேள்விக்கு அரசு படியளக்கவில்லை. 1972இல் கண்டியில் பாதிரியார் போல் காஸ்பர்ஸ் தொடங்கிய சத்தியோதயம் போன்ற சிறு நிலையங்களே சிங்களக் கிராமத்தானையும் தமிழ்த் தொழிலாளியையும் ஒருங்கே நோக்க முயன்றன. கண்டிக் கிராமத்தின் வர்க்க உறவுகளை மார்க்சிய நோக்கில் ஆராய்ந்த நியூட்டன் குணசிங்கவின் நூல் அவர் மறைந்தபின், 1990இல் வெளிவந்தது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? வெளிப்பணத்தைத் தீண்டாதே என்பதன்று. தீண்டாமை எவ்விடத்தும் அறிவாகாது. பணம் பெரும்பாலும் விடையை விலைக்கு வாங்குவதில்லை, கேள்வியைத் தேர்ந்தெடுக்கின்றது. எதை ஆராயலாம் என்பதையும், எதை ஆராய யாரும் நினைக்க மாட்டார்கள் என்பதையும் அது அமைதியாக வகுத்துவிடுகின்றது. ஆகவே மானியம் நாடும் மாணவர் விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் நான்கு கேள்விகளைக் கேட்கட்டும். இப்பணம் எங்கிருந்து வருகின்றது? இந்தக் கேள்வி என்னுடையதா, கொடுப்பவருடையதா? நான் திரட்டும் தரவு யாருக்குச் சொந்தம்? எனக்கு விடை சொன்ன மக்களின் மொழியில் இந்நூல் திரும்பி வருமா? சீனத்திலிருந்து வந்தாலும் அமெரிக்காவிலிருந்து வந்தாலும், கொழும்பிலிருந்தே வந்தாலும் இக்கேள்விகள் மாறா.

நான்காம் கேள்வியே நமக்கு மிக நெருங்கியது. பாத்ததும்பறையைப் பற்றிய அறிக்கை ஆங்கிலத்தில் வெளிவந்தது. நம் நாட்டின் உழவரையும் தொழிலாளரையும் பற்றிய நூல்களுட் பெரும்பாலானவை இன்றும் அவர்கள் படிக்க முடியாத மொழியிலேயே இருக்கின்றன. ஆய்வுக்குப் படியளப்போர் நிதியங்களும் அரசுகளும் மட்டுமல்லர். தம் நேரத்தையும், தம் அடுப்படியின் தேநீரையும், தம் துயரின் கணக்கையும் தந்த குடும்பங்களும் படியளந்தவையே. அந்தக் கடனுக்கு வட்டியில்லை, ஒப்பந்தமில்லை, ஆண்டறிக்கை கேட்பாருமில்லை. அதனாலேயே அதனை முதலில் தீர்ப்பது அறிவாளர்க்குக் கடமை. கண்டறிந்ததைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கிராமத்துக்கும் லயத்துக்கும் கொண்டு செல்வோம். அவர்கள் மறுத்துப் பேசினால் செவிமடுப்போம். அங்கிருந்து எழும் கேள்விகளே நாளைய ஆய்வின் தலைப்புகளாகட்டும்.