சிப்காட் நிலத்தில் இரண்டு வருகைகள்

எங்கள் ஊரில் மாட்டுக் கொட்டகை இல்லாத வீடு ஒரு காலத்தில் கிடையாது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள்கோயில் சாலையும் சந்திக்கிற ஒரகடம் கூட்டு ரோட்டில், பொழுது சாய்ந்துவிட்டால் ஆள் நடமாட்டம் இருக்காது. ஏரியில் தண்ணீர் நின்றால் ஒரு போகம் நெல், மழை கைகொடுத்தால் வேர்க்கடலை, மற்ற நாளில் பால்மாடு என்று பிழைப்பு ஓடியது. இன்று அந்தக் கொட்டகைகள் இருந்த இடத்தில் லைன் வீடுகள் நிற்கின்றன. கீழே நான்கு அறை, மேலே நான்கு அறை. வாசலில் கழற்றிப் போட்ட சேஃப்டி ஷூக்களை எண்ணினால் உள்ளே எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

சிப்காட் தொழிற்பூங்காக்களின் கதையை எழுதித் தரச் சொன்னார்கள். முதலீட்டுக் கோடிகளை எழுதப் பலர் இருக்கிறார்கள். இந்த நிலத்துக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்த மனிதர்களின் கணக்கை நான் எழுதுகிறேன் என்றேன். கொரியாவிலிருந்து வந்தவர்கள் ஒரு கூட்டம். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் பக்கமிருந்து வந்தவர்கள் இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டமும் ஒரே சாலையில் இறங்கி, ஒரே தொழிற்சாலைகளுக்குள் போனவர்கள்தாம். ஆனால் அவர்கள் அடைந்த வாழ்வு ஒன்றாக இல்லை. அது ஏன் என்று கேட்டால் விடையில் பெரும்பகுதி அவர்கள் வந்த வழியில் இருக்கிறது.

மனை, சாலை, தண்ணீர்

தமிழ்நாடு தொழில் முன்னேற்றக் கழகமான சிப்காட் 1971-இல் தொடங்கப்பட்டது. முதல் வளாகம் ராணிப்பேட்டையில் அமைந்தது. நிலத்தை எடுத்து, மனையாகப் பிரித்து, சாலையும் தண்ணீரும் மின்சாரமும் கொண்டுவந்து, நீண்ட காலக் குத்தகைக்குத் தொழில் நடத்துவோரிடம் ஒப்படைப்பதே அதன் வேலை. தொண்ணூறுகளில் பொருளாதாரக் கதவு திறந்தபோது, சென்னைத் துறைமுகத்துக்கும் பெங்களூர் நெடுஞ்சாலைக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த எங்கள் பகுதி சிப்காட்டின் கண்ணில் பட்டது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் என்று பூங்காக்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்தன.

1996 மே மாதம் ஹூண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனம் பதிவானது. அந்த ஆண்டு முடிவதற்குள் இருங்காட்டுக்கோட்டையில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1998 செப்டம்பரில் சான்ட்ரோ கார் சந்தைக்கு வந்தது. 2000-இல் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலையும், 2006-இல் நோக்கியாவும், 2007-இல் சாம்சங்கும் வந்தன. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான், 2012-இல் டைம்லர். ஒரு தலைமுறைக்குள் கடலைக் காடு கார்க் காடானது.

முதல் வருகை

ஹூண்டாய் தனியாக வரவில்லை. மோபிஸ், மாண்டோ என்று உதிரிபாக நிறுவனங்களும் உடனும் பின்னாலும் வந்தன. ஒரு கார் கம்பெனி கடல் கடக்கும்போது அதற்குக் கதவும் இருக்கையும் பிரேக்கும் செய்து தருகிறவர்களும் சேர்ந்தே கடப்பது கொரிய வழக்கம். இப்படி எஞ்சினியர்கள், மேலாளர்கள், அவர்கள் குடும்பங்கள் எனச் சில ஆயிரம் கொரியர்கள் சென்னையிலும் இந்தச் சாலை ஓரத்திலும் குடியேறினார்கள். நெடுஞ்சாலையில் கொரிய எழுத்துப் பலகைகள் முளைத்தன. அம்மா, அப்பா என்று அவர்கள் பிள்ளைகளும் கூப்பிடுவதைக் கேட்டு எங்கள் ஊர்க்காரர்கள் வியந்து நின்றார்கள்.

அவர்களுக்கான ஏற்பாடுகளை அரசுகளே ஒவ்வொன்றாகச் செய்தன. இந்தியாவில் வேலைக்கான விசா பெறும் வெளிநாட்டவருக்கு ஆண்டு வருமானம் குறைந்தது 16.25 லட்சம் ரூபாயாவது இருக்க வேண்டும் என்று அரசே வரம்பு வைத்தது. தங்கள் நாட்டு உணவைச் சமைக்கும் சமையற்காரர் போன்ற சிலருக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு. அதாவது நாக்குக்கு வேண்டியதைக்கூட விதிமுறை மறக்கவில்லை. 2010 ஜனவரி முதல் நாளில் இந்திய–கொரியப் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 2011 நவம்பர் முதல் நாளில் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தமும் வந்தது. அதன்படி, நிறுவனம் அனுப்பி இங்கே வேலை பார்க்கும் கொரியர் தம் நாட்டிலேயே ஓய்வூதியச் சந்தாவைத் தொடரலாம். அதற்கான சான்று இருந்தால் இங்கே பி.எஃப். கட்ட வேண்டாம். நான்கைந்து ஆண்டு அயல்நாட்டில் உழைத்ததால் அவருடைய முதுமைக் கணக்கில் ஒரு மாதமும் குறையாது.

அவர்கள் வாழ்வும் சுகம் மட்டுமே நிறைந்ததில்லை. உடன் வந்த மனைவிக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது. ஓர் ஊரில் நண்பர்களைப் பிடித்த பிள்ளை, அப்பாவுக்கு மாற்றல் வந்ததும் விட்டுப் போக வேண்டும். ஆனாலும் கணக்கை முடித்துப் பார்த்தால், பெரும்பாலோர் பதவி உயர்வோடும் சேமிப்போடும் ஆங்கிலம் கற்ற பிள்ளைகளோடும் ஊர் திரும்பினார்கள். சிலர் இங்கேயே உணவகம், தங்கும் விடுதி, சிறு உதிரிபாக ஆலை என்று சொந்தத் தொழிலுக்கு மாறினார்கள்.

இரண்டாம் வருகை

வடக்கிலிருந்து வந்தவர்கள் முதலில் எங்கள் கண்ணில் பட்டது கட்டுமான இடங்களில். தொழிற்சாலைக்குக் கம்பி கட்டியவர்களும் தளம் போட்டவர்களும் அவர்கள்தாம். கட்டடம் முடிந்ததும் அதே வாசல் வழியாக உள்ளே போனார்கள். பிரஸ் ஷாப், வார்ப்பு, பெயிண்ட், லோடிங், ஹவுஸ்கீப்பிங் என எங்கே சூடும் சத்தமும் பாரமும் அதிகமோ அங்கே நின்றார்கள். எங்கள் பிள்ளைகள் பாலிடெக்னிக்கும் பொறியியலும் படித்துவிட்டு அந்த வேலைகளை விட்டு விலகிக்கொண்டிருந்த நேரம் அது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை, பீகாரில் 3.0. இங்கே கை குறைந்தது, அங்கே வேலை குறைந்தது. நடுவில் ரயில் ஓடியது.

2015-ஐ ஒட்டி மாநிலத் தொழிலாளர் துறை எடுத்த கணக்கில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 10.67 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்களில் ஐந்தில் ஒருவர் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில், எங்கள் கொட்டகை இருந்த இடத்து அறைகளில், இருந்தார்.

இவர்களை அழைத்து வந்தது காண்ட்ராக்டர். அவர்கள் மொழியில் தேக்கேதார். சம்பளப் பட்டியல் அவரிடம், பி.எஃப். அவரிடம், பல நேரம் ஆதார் நகலும் அறைச் சாவியும் அவரிடம். இவர்களுக்கென்று 1979-இலேயே மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. 2025 வரை நடைமுறையில் இருந்த அந்தச் சட்டம் சொன்னது இது: காண்ட்ராக்டருக்கு உரிமம் வேண்டும். ஒரே வேலைக்கு ஒரே கூலி வேண்டும். போகவர வழிச்செலவும் தங்குமிடமும் தர வேண்டும். ஊரைவிட்டு வந்ததற்காக அரை மாதச் சம்பளம் அல்லது 75 ரூபாய், இதில் எது அதிகமோ அதைத் திரும்பக் கேட்காத படியாகக் கொடுக்க வேண்டும். எங்கள் தெருவில் குடியிருந்த எத்தனையோ பேரிடம் இந்தப் படியைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒன்று உண்டு என்று அறிந்தவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

காண்ட்ராக்டர் மாறும்போது பி.எஃப். கணக்கும் மாறும். 2014-இல் ஒரே எண் முறை வந்த பிறகும் ஆதாரில் ஒரு எழுத்து, கணக்கில் வேறு எழுத்து என்று பணம் நின்றுவிடுகிறது. எட்டு ஆண்டு உழைத்தவர் எட்டுத் துண்டுக் கணக்கோடு ஊர் போகிறார். கடல் கடந்து வந்தவரின் ஓய்வூதியம் இரண்டு அரசுகளின் கையெழுத்தால் தொடர்கிறது. சொந்த நாட்டுக்குள் இடம் மாறியவரின் சேமிப்பு காண்ட்ராக்டர் மாறும் இடத்தில் அறுந்துபோகிறது. இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். கொரியக் குழந்தைக்குச் சென்னையில் சர்வதேசப் பள்ளி காத்திருந்தது, கட்டணத்தை நிறுவனம் ஏற்றது. பீகார்க் குழந்தை அங்கே மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு இங்கே வந்து, தமிழ் தெரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தது. அதையும் தாண்டி இன்று எங்கள் அரசுப் பள்ளிகளில் இந்தி பேசும் வீட்டுப் பிள்ளைகள் தமிழில் கட்டுரை எழுதுகிறார்கள் என்றால், அந்த ஆசிரியர்களுக்குத்தான் கைகூப்ப வேண்டும். புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளுக்கென்று பள்ளிக் கல்வித் துறை கொண்டுவந்த ‘தமிழ் மொழி கற்போம்’ திட்டம் அந்த உழைப்புக்கு இப்போது துணை நிற்கிறது.

2020 ஊரடங்கு இரண்டு வழிகளையும் வெட்டவெளிச்சமாக்கியது. கொரியர்களுக்குத் தூதரகமும் சங்கமும் இருந்தன. தனி விமானங்கள் வந்தன. வடக்கத்தித் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் நடக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கான சிறப்பு ரயில்கள் மே மாதத்தில்தான் ஓடின. மூன்று ஆண்டு கழித்து, 2023 ஜூன் 2-ஆம் தேதி, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவின் பாஹாநாகாவில் விபத்துக்குள்ளானது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றிரவு எங்கள் தெருவின் லைன் வீடுகளில் ஒரு அறையிலும் விளக்கு அணையவில்லை. எல்லார் காதிலும் போன்.

வடக்கிலிருந்து வந்தவர்கள் எதையுமே அடையவில்லை என்று சொன்னால் அது இவர்கள் உழைப்புக்குச் செய்யும் அநீதி. இங்கே கிடைக்கும் கூலி ஊரில் கிடைப்பதைவிட அதிகம். அது மணியார்டராகப் போன காலம் மாறி, போனிலேயே போகிறது. அங்கே ஓட்டு வீடு தளவீடாகிறது, தங்கை படிக்கிறாள், அடகு நிலம் மீள்கிறது. சிலர் இங்கேயே சலூனும் பானிபூரிக் கடையும் வைத்தார்கள். சிலர் சூப்பர்வைசரானார்கள். ஆனால் பலருக்கு ஏணி முதல் படியோடு முடிந்துவிட்டது. பத்து ஆண்டுக்கு முன் எந்த மெஷினில் நின்றாரோ அதே மெஷினில், அதே காண்ட்ராக்ட் அட்டையோடு இன்றும் நிற்கிறார்.

பாய் விரிக்க ஓர் இடம்

சிப்காட் மனை கொடுத்தது, சாலை கொடுத்தது, தண்ணீர் கொடுத்தது. அந்த மனையில் வேலை செய்கிறவர் இரவில் எங்கே பாய் விரிப்பார் என்ற கேள்வி நெடுங்காலம் வரைபடத்தில் இல்லை. அதை எங்கள் கொட்டகைகளிடமும் காண்ட்ராக்டரிடமும் விட்டுவிட்டோம். நானும் இந்த ஊர்க்காரன். அந்த வாடகையில் எங்களுக்கும் பங்கு உண்டு.

2021 டிசம்பரில், ஒரு மின்னணு ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவால் நோயுற்றபோது, தோழிகள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். நம் மாநிலத்தின் பல மாவட்டங்களிலிருந்து வந்த பெண்கள் அவர்கள். அந்த மறியல் தங்குமிடம் என்ற கேள்வியை எல்லார் கண்ணுக்கும் காட்டியது. 2024 ஆகஸ்ட் 17-ஆம் தேதி வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய தொழிலாளர் குடியிருப்பை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். செலவு 706.50 கோடி ரூபாய், 18,720 படுக்கைகள். 1971-இல் மனை ஒதுக்கப் பிறந்த ஒரு நிறுவனம் படுக்கை அமைக்கவும் கற்றுக்கொண்ட நாள் அது. சிப்காட்டின் வரலாற்றில் ராணிப்பேட்டைக்கு இணையாக நான் வைப்பது வல்லம் வடகாலைத்தான்.

ஆனால் அந்தக் கதவு இன்னும் வடக்கிலிருந்து வந்த காண்ட்ராக்ட் தொழிலாளியின் குடும்பத்துக்குத் திறக்கவில்லை.

ஒரு மாட்டின் விலை

கொரியர்கள் பிறவியிலேயே வசதி படைத்தவர்கள் என்று எங்கள் ஊரில் இளைஞர்கள் நினைக்கிறார்கள். ஆனால் 1963 தொடங்கி எழுபதுகள் வரை ஏறத்தாழ 8,000 கொரியர்கள் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்தார்கள். 10,000-க்கும் மேற்பட்ட கொரியப் பெண்கள் அந்நாட்டு மருத்துவமனைகளில் செவிலியரானார்கள். அவர்கள் அனுப்பிய பணம் போரில் நொறுங்கிய நாட்டுக்கு உதவியது. அன்று ஜெர்மானியர் கண்ணுக்கு அவர்கள் எப்படித் தெரிந்தார்களோ, இன்று நம் கண்ணுக்கு பீகார் இளைஞர் அப்படித்தான் தெரிகிறார். பின்னாளில் தன் ஆலைகளுக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் தேவைப்பட்டபோது, தரகர்களை விலக்கி, அரசும் அரசும் நேரடியாகப் பேசி ஆளெடுக்கும் முறையை கொரியா 2004-இல் கொண்டுவந்தது. பீகார் அரசும் தமிழ்நாடு அரசும் அப்படிப் பேசிக்கொள்ள எந்தக் கடலும் குறுக்கே கிடக்கவில்லை.

ஹூண்டாயைத் தோற்றுவித்த சங் ஜூ யங் 1915-இல், இன்று வட கொரியாவாக இருக்கும் பகுதியில் ஓர் ஏழை உழவர் வீட்டில் பிறந்தவர். வயல் வேலை பிடிக்காமல் பலமுறை வீட்டைவிட்டு ஓடினார். அதில் ஒருமுறை, அப்பா மாடு விற்று வைத்திருந்த 70 வோனை எடுத்துக்கொண்டு சியோலுக்கு ரயிலேறினார். சுமை தூக்கினார், கட்டுமானக் கூலியானார், அரிசிக் கடையில் மூட்டை கொண்டுபோய்ப் போட்டார். இருங்காட்டுக்கோட்டையில் முதல் சான்ட்ரோ வெளிவந்த அதே 1998-இல், அந்த முதியவர் 1,001 மாடுகளை லாரிகளில் ஏற்றி எல்லை தாண்டி வட கொரியாவுக்குக் கொடுத்தார். அப்பாவிடம் எடுத்த ஒரு மாட்டின் கடனை அடைப்பதாக அவரே சொன்னார்.

எங்கள் லைன் வீட்டு மாடியில் இன்றிரவு ஷிப்ட் முடிந்து படுத்திருப்பவர்களில் எத்தனை பேர் மாடு விற்ற காசில் ரயிலேறியவர்கள் என்று நான் கேட்டதில்லை. அவர்களுக்குப் பெயர் பதிந்த ஒரே பி.எஃப். கணக்கு வேண்டும், பிள்ளைக்கு ஒரு பெஞ்ச் வேண்டும், குடும்பத்தோடு இருக்க ஓர் அறை வேண்டும், மெஷினுக்கு அப்பால் ஏறிப்போக ஒரு படி வேண்டும். சிப்காட் அடுத்த பூங்காவுக்கு வரைபடம் விரிக்கும்போது, ஆலை மனைக்கு எண் போடுவதற்கு முன் இவற்றுக்கு இடம் குறிக்கட்டும். கொட்டகையைக் கொடுத்த எங்கள் ஊர் அதற்கும் இடம் கொடுக்கும்.