ஸ்கெட்ச் நகலின் இடப்பொருத்தம்

கணினிவழி வடிவமைப்பு மென்பொருளில் வரைந்த கோடு, வட்டம், வில் முதலியவற்றை நகலெடுத்து, அந்த நகலைக் குறித்த இடத்தில், குறித்த கோணத்தில் பிசகில்லாமல் அமர்த்துவதே ஸ்கெட்ச் நகலின் இடப்பொருத்தம். ஆட்டோகேட் போன்ற வரைபட மென்பொருளில் இது பெரும்பாலும் ஆயத்தொலைவுக் கணக்கு. சாலிட்வொர்க்ஸ், ஃபியூஷன், ஃப்ரீகேட் போன்ற பாராமெட்ரிக் மென்பொருளில் வடிவங்களுக்கு இடையேயான கட்டுப்பாடுகளின் கணக்கும் இதனோடு சேர்கிறது. வேலை செய்பவர்களைத் திணறடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது கணக்குதான்.

நகலைக் கண்ணால் பார்த்து வைப்பது துல்லியமாகாது. 1920 பிக்சல் அகலமுள்ள திரையில் 480 மி.மீ. அகலப் பரப்பு தெரிகிறது என்றால், ஒரு பிக்சலின் மதிப்பு 0.25 மி.மீ. சுட்டியை எவ்வளவு கவனமாக நகர்த்தினாலும் அந்தக் கால் மில்லிமீட்டருக்குள் எங்கே விழுந்தது என்று கைக்குத் தெரியாது. பேரிங் அமரும் துளையில் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக்கே கணக்கு உண்டு.

தோற்றம்

இந்தச் சிக்கலும் அதற்கான இரண்டு தீர்வுகளும் ஒரே நிரலில் தோன்றின. ஐவன் சதர்லாந்து, எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்திலிருந்த டிஎக்ஸ்-2 கணினியில் உருவாக்கி 1963இல் முனைவர் பட்ட ஆய்வேடாகச் சமர்ப்பித்த ஸ்கெட்ச்பேட்தான் அது. ஒளிப்பேனா ஒரு புள்ளிக்கோ கோட்டுக்கோ போதிய அருகில் வந்தாலே, அதன் மேல் சரியாக வைத்ததாக நிரல் எடுத்துக்கொள்ளும். இன்றைய ஸ்நாப் வசதிக்கு இதுவே மூதாதை.

இரண்டாவது தீர்வான கட்டுப்பாட்டைக் காட்டுவது ஆய்வேட்டின் தொடக்க எடுத்துக்காட்டான ஓர் அறுகோணம். கோணல்மாணலாக ஆறு பக்கங்களை வரைந்து, முனைகளை ஒரு வட்டத்தின் மேல் இருத்தி, பக்கங்கள் சமம் என்று சொன்னால் ஒழுங்கான அறுகோணம் வந்துவிடும். பிறகு அதன் முனைகளை ஒட்டுபுள்ளிகளாகக் குறித்து, நகல்களை முனையோடு முனை சேர்த்து, நடுவில் ஒன்றும் சுற்றிலும் ஆறுமாக வலைப்பின்னல் வளரும். எந்த நகலுக்கும் பயனர் ஆயத்தொலைவு தரவில்லை. எந்தப் புள்ளி எந்தப் புள்ளியோடு சேரவேண்டும் என்று மட்டுமே சொன்னார். மூல அறுகோணத்தை மாற்றினால் நகல்கள் எல்லாமே மாறின. பின்னால் வந்த வணிக மென்பொருள்கள் இதில் பாதியை, அதாவது ஸ்நாப்பை மட்டும், எடுத்துக்கொண்டு நெடுங்காலம் ஓட்டின.

பிடிபுள்ளி

1982இல் வெளிவந்த ஆட்டோகேட்டில் நகலெடுப்பது மூன்று படிகள்: வடிவத்தைத் தேர்ந்தெடுத்தல், பேஸ் பாயின்ட் எனப்படும் பிடிபுள்ளியைக் காட்டுதல், அது போய்ச் சேரவேண்டிய புள்ளியைக் காட்டுதல். இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலான நகர்வு எவ்வளவோ, வடிவத்தின் ஒவ்வொரு புள்ளியும் அவ்வளவே நகரும். ஆகவே நகலை எங்கே விடுகிறோம் என்பதற்கு முன், அதை எங்கே பிடித்தோம் என்பதே கேள்வி. துளையைத் துளையோடு பொருத்த வேண்டுமானால் மையத்தில் ஸ்நாப் செய்து பிடிக்க வேண்டும். ஓரத்தில் ஏதோ ஓரிடத்தில் பிடித்துவிட்டு மையத்தில் விட்டால், அந்த இடைவெளி அப்படியே நகலோடு போகும்.

போய்ச் சேரும் புள்ளியை எண்ணாகவும் கொடுக்கலாம். @80,0 என்று தட்டினால் வலப்பக்கம் 80 அலகு; @100<45 என்றால் 45 பாகைத் திசையில் 100 அலகு. இங்கே புதியவர்கள் வழக்கமாக விழும் குழி ஒன்று உண்டு. இரண்டாம் புள்ளி கேட்கும்போது வெறும் எண்டர் தட்டினால், முதலில் காட்டிய புள்ளியின் ஆயத்தொலைவையே நகர்வுத் தொலைவாக மென்பொருள் எடுத்துக்கொள்ளும். பிடிபுள்ளி 5200,3100இல் இருந்தால் நகல் இன்னும் 5200 வலமும் 3100 மேலும் போய் விழும். திரையில் ஒன்றும் தெரியாது. நகலே ஆகவில்லை என்று திரும்பத் திரும்பச் செய்பவர்கள், முழு வரைபடத்தையும் காட்டச் சொல்லும்போதுதான் தொலைவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் நகல்களைப் பார்ப்பார்கள்.

ஒரு கோப்பிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோகும்போது கண்ட்ரோல்-சி தட்டினால், பிடிபுள்ளி தானாகவே வடிவத்தொகுதியின் இடது கீழ் மூலையாகிவிடும். பெரும்பாலும் அந்த மூலையில் எதுவுமே இருப்பதில்லை. கண்ட்ரோல்-ஷிஃப்ட்-சி நாமே பிடிபுள்ளியைத் தர வழிசெய்கிறது. அசல் ஆயத்தொலைவிலேயே ஒட்ட பேஸ்ட்ஒரிஜ் கட்டளை உண்டு.

ஒரு சோடிப் புள்ளி இடத்தை மட்டுமே தீர்மானிக்கும்; சாய்வைத் தீர்மானிக்க இரண்டாவது சோடி வேண்டும். அலைன் கட்டளை இதைத்தான் கேட்கிறது. முதல் சோடி சரியாக ஒன்றும். இரண்டாவது சோடி திசையை மட்டும் தரும். இரண்டு இடத்திலும் நீளம் வேறாக இருந்தால், அளவு மாற்றச் சம்மதிக்காதவரை இரண்டாம் புள்ளி இலக்கைத் தொடாது. அது தொடவில்லை என்பதே பயனுள்ள செய்திதான்: இரண்டு வரைபடங்களில் ஒன்று தவறு.

கட்டுப்பாடுகளோடு வரும் நகல்

பாராமெட்ரிக் ஸ்கெட்சில் ஒவ்வொரு வடிவத்துக்கும் எத்தனை வகையில் அசைய முடியும் என்று எண்ணிவிடலாம். தட்டையான பரப்பில் புள்ளிக்கு 2, வட்டத்துக்கு 3, கோட்டுக்கு 4, வில்லுக்கு 5. இரண்டு விற்களும் இரண்டு கோடுகளும் சேர்ந்த ஸ்லாட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 18. நான்கு மூலைகளிலும் முனைகள் ஒன்றுவதால் 8 குறையும். நான்கு தொடுகோட்டு உறவுகளால் இன்னும் 4. மீதி 6. இரண்டு விற்களின் ஆரமும் சமம் என்றால் 5. நீளமும் ஆரமும் கொடுத்தால் 3. அந்த மூன்று, இடவலம், மேல்கீழ், சுழற்சி ஆகியவை.

நகலெடுக்கும்போது ஸ்லாட்டின் உள்ளுறவுகள் கூடவே வந்தாலும், தோற்றப்புள்ளியிலிருந்தோ பக்கத்து விளிம்பிலிருந்தோ போட்ட அளவுகள் அநேகமாக வராது. எனவே நகல் அந்த மூன்று அசைவோடு மிதக்கிறது. சரியான இடத்தில் விட்டதாகவே தோன்றும். வேறெங்கோ ஓர் அளவை மாற்றும்போது, கட்டுப்பாடுகளைக் கணக்கிடும் தீர்வி அதை நகர்த்திவிடும். நகலின் மையத்துக்குக் கிடையாக ஓர் அளவும் நெடுக்காக ஓர் அளவும், நடுக்கோட்டுக்கு ஒரு கிடைக் கட்டுப்பாடும் கொடுத்தால்தான் எண்ணிக்கை சுழியத்துக்கு வரும். ஆரத்தை மறுபடி எண்ணாகத் தருவதைவிட அசலோடு சமம் என்று கட்டுவது நல்லது. பின்னால் மாற்ற ஓரிடம் போதும்.

நகலைச் சுழற்ற வேண்டுமென்றால் கதை வேறு. உள்ளுறவுகளோடு கிடைக் கட்டுப்பாடும் வந்திருந்தால், அது 30 பாகைச் சுழற்சியை ஏற்காது. நகல் நிமிரும், அல்லது முரண்பாடு என்று செய்தி வரும். சாலிட்வொர்க்ஸின் நகல் பலகத்தில் உறவுகளைத் தக்கவைக்கலாமா என்று ஒரு கட்டம் இருப்பது இதற்காகவே. ஃப்ரீகேட்டின் கார்பன் காப்பி மற்றொரு ஸ்கெட்சின் வடிவங்களையும் கட்டுப்பாடுகளையும் சேர்த்துக் கொண்டுவந்து, அளவுகளை அசலின் அளவுகளோடு கோவைகளால் பிணைக்கிறது. சதர்லாந்தின் மூலமும் நகலும் என்ற எண்ணத்துக்கு இது நெருங்கிய உறவு.

பிசகுகள்

ஒன்றியதுபோல் தெரிவதும் ஒன்றியிருப்பதும் வேறு. ஃப்ரீகேட் பயன்படுத்தும் ஓப்பன் கேஸ்கேட் கருநிரலில் இரண்டு புள்ளிகளை ஒன்றாகக் கருதும் இயல்பான எல்லை 0.0000001 அலகு. முனைகளுக்கு இடையே 0.001 மி.மீ. இடைவெளி இருந்தால் திரையில் கோடு மூடியே தெரியும். பருமனாக்கப் போனால் வடிவம் மூடவில்லை என்று நின்றுவிடும். இப்படி விட்டுப்போன ஒன்றல்களைத் தேடிச் சேர்க்க ஸ்கெட்ச் சரிபார்ப்புக் கருவி அதில் உண்டு. இதற்கு நேர்மாறானது, நகல் அசலின் மேலேயே கிடப்பது. பார்வைக்கு ஒரு கோடு, கோப்பில் இரண்டு. லேசர் வெட்டுக்கு அனுப்பினால் கதிர் அதே பாதையில் இரண்டு முறை ஓடித் தகட்டின் விளிம்பைக் கருக்கும். ஆட்டோகேட்டில் ஓவர்கில் கட்டளை இந்த இரட்டைகளை நீக்கும்.

நில அளவை வரைபடங்களில் சிக்கல் எண்ணின் நீளத்தால் வருகிறது. யு.டி.எம். என்னும் ஆயத்தொலைவு முறையில் சென்னை 44ஆம் மண்டலத்தில், நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 14,46,000 மீட்டரில் இருக்கிறது. மில்லிமீட்டரில் இது பத்து இலக்க எண். 64 பிட் எண்ணில் இந்த அளவில்கூட அடுத்தடுத்த மதிப்புகளின் இடைவெளி மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழ்; கவலையில்லை. திரையில் காட்டும் பகுதி 32 பிட் எண்ணைப் பயன்படுத்தினாலோ இடைவெளி 128 மி.மீ. ஆகிவிடும். கோடுகள் நடுங்கும், வட்டம் பல்பல்லாகத் தெரியும், ஸ்நாப் பிடிக்காது. முழு எண்ணாக ஒரு நகர்வைத் தேர்ந்து வரைபடத்தைத் தோற்றப்புள்ளிக்கு அருகே கொண்டுவந்து, அந்த எண்ணை வரைபடத்திலேயே எழுதிவைப்பதும், திருப்பி அனுப்பும்போது அதே நகர்வை எதிர்க்குறியுடன் கொடுப்பதும் நடைமுறை.